மூட்டில் புகும் கிருமி

மூட்டு வலியால் யாரும் செத்ததில்லை என்று சொல்லித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போர் பலர் உண்டு. தேய்மானத்தால் வரும் வலியைப் பொறுத்தமட்டில் அது மெய்யே ஆயினும், இரத்தத்தின் வழியாகவோ புண்ணின் வழியாகவோ கிருமி புகுந்து சீழ் கட்டிய மூட்டின் விஷயத்தில் அந்தத் தைரியம் விபரீதமாய் முடியக்கூடும். மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய ஜவ்வு இரத்தக் குழாய்கள் நிறைந்தது. அடியில் தடுப்பாக ஒரு படலமும் இல்லாதபடியால், இரத்தத்தில் மிதந்து வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் அங்கே சுலபமாகக் குடியேறிவிடுகின்றன. ஆரோக்கியமான மூட்டிலிருந்து ஊசியால் இழுத்த நீர் முட்டையின் வெண்கருவைப் போலத் தெளிந்து, விரலிடையே இழையாக நீளும். ஒரு கன மில்லிமீட்டரில் 200 வெள்ளணுக்கள்கூட இரா. சீழ் பிடித்த மூட்டிலோ அது கலங்கிப் பிசுபிசுப்பை இழந்து வெளிவருவதும், அணுக்களின் தொகை 50,000-ஐத் தாண்டுவதும் சாதாரணம். சில நாட்களுக்குள் குருத்தெலும்பு அரிக்கப்பட்டுவிடும்.

ஆனால் நோயாளி மாண்டுபோவது குருத்தெலும்பு அழிந்ததனால் அன்று. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் வட்டாரத்தில் 1982 முதல் 1991 வரை இவ்வியாதி கண்டவர்களின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து வைத்தியர்கள் 1999-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நூற்றுக்குச் சுமார் 11 பேர் இறந்தனர். வயது 65-ஐ எட்டியிருத்தல், பல மூட்டுகள் ஒருங்கே பாதிக்கப்பட்டிருத்தல், ஆஸ்பத்திரிக்கு வரும்போதே புத்தி தடுமாறியிருத்தல் ஆகியவை மரணத்தோடு சம்பந்தப்பட்டிருந்தன. முழங்கையும் அந்த ஜாபிதாவில் இடம்பெற்றது. முழங்கையில் தனியே விஷம் ஒன்றும் இல்லை, சிறு தொகையான மரணங்களைக் கணக்கிடும்போது இப்படி ஒன்றிரண்டு முளைப்பது சகஜம் என்றே நான் கருதுகிறேன். நாம் அதிகம் அஞ்சுகிற நீரிழிவோ, அங்கே உயிர் போவதைவிட மூட்டு முடமாவதோடுதான் சேர்த்துச் சொல்லப்பட்டது.

பல மூட்டுகள் ஏககாலத்தில் வீங்குகின்றன என்றால், கிருமி இரத்தத்தில் பரவி, போகிற இடமெல்லாம் விதைத்துவிட்டது என்றே பெரும்பாலும் பொருள். புத்தித் தடுமாற்றமும் அவ்வகையதே. நேற்றுவரை பேத்தியின் பெயரைத் தவறாமல் சொன்ன பெரியவர் இன்று பகலா இரவா என்று தெரியாமல் பிதற்றினால், வயதாகிவிட்டது, ஜுர வேகம் என்று வீட்டார் சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். உண்மையில் நோய் மூட்டைக் கடந்து சரீரம் முழுவதையும் தாக்கத் தொடங்கியதை அவருடைய மூளை அறிவித்துக்கொண்டிருக்கலாம்.

முடக்குவாதக்காரர்களின் நிலைமை இன்னும் தர்மசங்கடமானது. அவர்களுக்கு மூட்டு வீங்குவது பழகிப்போன சங்கதி. உட்கொள்ளும் ஸ்டிராய்டு மாத்திரையோ ஜுரத்தையே தலைகாட்டாமல் அடக்கிவிடும். ஆகவே மற்ற மூட்டுகளெல்லாம் சும்மா இருக்கையில் ஒன்று மட்டும் தனித்துச் சிவந்து வீங்கி அசைக்க முடியாமற் போனால், ஊசி போட்டு நீரை எடுத்துக் கிருமிப் பரிசோதனைக்கு அனுப்பாமல், பழைய வாதந்தான் என்று ஸ்டிராய்டின் அளவைக் கூட்டுவது தகாது.