சிற்றுருவப் பெட்டைக் குதிரை ஈனும் காலத்தை அறிதல்

மாட்டுப் பண்ணையில் பழகிய களப்பணியாளர் ஒருவர், சினையுற்ற பெட்டைக் குதிரையொன்றைக் கவனிக்கும் பொறுப்பை முதன்முறையாக ஏற்கும்போது, பசுவிடம் பெற்ற அனுபவத்தையே அதற்கும் பயன்படுத்த முற்படுவது இயல்பு. பசு கன்று ஈனுவதற்குச் சில மணி நேரம் ஆகலாம். அவசரப்படாமல் பொறுத்திருப்பதே அங்கு நன்மை தரும். குதிரையின் நிலை இதற்கு நேர்மாறானது. பனிக்குடம் உடைந்தபின் 20 முதல் 30 நிமிடங்களுக்குள் குட்டி வெளிவந்துவிட வேண்டும். நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரினின்றும் விரைவில் பிரிந்துவிடுவதால், அதற்கு மேலும் தாமதம் நேர்ந்தால் குட்டிக்குப் பிராணவாயு கிடைக்காமற் போய்விடும். ஆகவே, பிரசவம் தொடங்கியபின் உதவியைத் தேடிச் செல்வதில் பயனில்லை. அது நெருங்கி வருவதை முன்கூட்டியே அறிந்து, வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொள்வதே உயிரைக் காக்கும் வழி. உருவிற் சிறிய குதிரைகளிடத்தில் இது இன்னும் முக்கியமானது. அதன் காரணத்தையும், ஈனும் காலத்தைக் காட்டும் குறிகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

சிற்றுருவக் குதிரைகள் யாவை?

ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்துத் தீவுகளின் மட்டக்குதிரை உலகெங்கும் அறியப்பட்டது. அதன் உயரம் 42 அங்குலத்துக்கு மிகாது. 1842-ஆம் ஆண்டில் பிரிட்டனில் இயற்றப்பட்ட சுரங்கச் சட்டம், நிலத்தடியில் சிறுவர்களை வேலை வாங்குவதைத் தடுத்தபின், நிலக்கரி வண்டிகளை இழுக்கும் வேலை இக்குதிரைகளின்மீது விழுந்தது. அர்ஜென்டினாவின் பலபெல்லா இனமும், அமெரிக்காவில் வளர்க்கப்படும் சிற்றுருவ இனமும் இதைவிடச் சிறியவை. 1978-இல் நிறுவப்பட்ட அமெரிக்கச் சிற்றுருவக் குதிரைச் சங்கத்தின் விதிப்படி, பிடரிமயிர் முடியும் இடத்தில் அளக்கும்போது உயரம் 34 அங்குலத்தைத் தாண்டலாகாது.

நம் நாட்டின் ஸ்பிதி, சன்ஸ்காரி, பூட்டியா, மணிப்புரி ஆகிய மட்டக்குதிரைகள் இவ்வளவு சிறியவை அல்ல. எனினும் சமவெளியின் மார்வாரி, கத்தியவாரி இனங்களைவிட அவை குட்டையானவை. கீழே கூறப்படும் குறிகள் எல்லாக் குதிரையினங்களுக்கும் பொதுவானவையாதலால், மலைப்பகுதிகளில் பணியாற்றுவோருக்கும் இவை பயன்படும். கால்நடை மருத்துவர் வந்து சேரப் பல மணி நேரம் ஆகக்கூடிய பள்ளத்தாக்குகளில், இரண்டொரு நாள் முன்னறிவு கிடைப்பது பெரும் நன்மையாகும்.

மிகச் சிறிய இனங்களில் பிரசவச் சிக்கல் அதிகம். குட்டியின் எடை தாயின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்பது எல்லாக் குதிரைகளுக்கும் பொருந்தும். ஆனால் சிற்றுருவக் குட்டிகளிற் பலவற்றுக்கு நெற்றி புடைத்துத் தலை பெரிதாக இருக்கும்; தாயின் இடுப்பு வழியோ குறுகியது. மேலும், வலுக்குறைந்த சிறு குட்டி தன்னை மூடியுள்ள சவ்வைத் தானே கிழித்துக்கொள்ள இயலாமல் மூச்சுத் திணறி இறப்பதும் உண்டு. அருகில் ஒருவர் இருந்தால் ஒரு நொடியில் தவிர்த்துவிடக்கூடிய மரணம் இது.

நாட்கணக்கின் பயனும் குறையும்

குதிரையின் சினைக்காலம் சராசரியாக 340 நாட்கள், அதாவது பதினோரு மாதத்துக்குச் சற்று மேல். 320 நாட்கள் முதல் 365 நாட்கள் வரை எந்நாளில் ஈனினும் அது இயல்பே. சிற்றுருவ இனங்களில் சராசரி சற்றுக் குறைவாகவே காணப்படுகிறது. உதாரணமாக, ஜூன் 1-ஆம் தேதி இணைசேர்க்கப்பட்ட பெட்டைக் குதிரை அடுத்த ஆண்டு மே 7-ஆம் தேதியையொட்டி ஈனும் எனக் கணக்கிடலாம். ஆனால் ஏப்ரல் 17-ஆம் தேதியும் ஈனலாம். ஜூன் 1-ஆம் தேதி வரையும் தாமதிக்கலாம். ஆறு வார இடைவெளி! இத்தனை இரவுகளும் ஒருவர் கண்விழித்துக் காத்திருத்தல் இயலாது. நாட்கணக்கு நமக்குச் சொல்வது, எப்போது கவனிக்கத் தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே. 300-ஆவது நாளை, மேற்கூறிய உதாரணத்தில் மார்ச் 28-ஆம் தேதியை, அதற்கு உரிய நாளாகக் கொள்ளலாம். அதன்பின் வழிகாட்ட வேண்டியது குதிரையின் உடலேயாகும்.

உடலிற் காணும் குறிகள்

முதலாவது, மடி. ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் மடி பருக்கத் தொடங்குகிறது. தொடக்கத்தில் இரவில் நிறைந்து காணப்படும் மடி, பகலில் குதிரை நடமாடியபின் தளர்ந்துவிடும். இதைக் கண்டு ஏமாற வேண்டியதில்லை. பகலிலும் இரவிலும் ஒரே அளவாய் நிறைந்திருக்கும் நாள் வருமாயின், பிரசவம் அண்மையில் உள்ளது என்று கொள்ளலாம். கடைசி நாட்களில் காம்புகளும் நிறைந்து, அடியிலிருந்து நுனி வரை பருத்து, சற்றே விலகி நிற்கும்.

இரண்டாவது, பின்புறத் தசைகளின் தளர்ச்சி. ஈனுவதற்கு ஒன்று முதல் மூன்று வாரங்களுக்கு முன் வாலடியின் இருபுறமும் உள்ள தசைகளும் பந்தகங்களும் இளகுகின்றன. கையால் அழுத்தினால் முன்பு உறுதியாக இருந்த இடம் மென்மையாகத் தோன்றும். பசுவில் இவ்விடம் குழிந்து கண்ணுக்கே தெரியும். குதிரையின் தசை திரண்டிருப்பதால் தொட்டுப் பார்த்தே அறிதல் வேண்டும். நாள்தோறும் ஒரே நபர் தொட்டுப் பார்ப்பது நல்லது. வேற்றுமை அவருடைய விரல்களுக்கே புலனாகும்.

மூன்றாவது, வயிற்றின் வடிவம். பக்கவாட்டில் அகன்றிருந்த வயிறு கீழ்நோக்கித் தாழ்ந்து, பின்னின்று நோக்கும்போது குறுகியது போல் தோன்றும். நான்காவது, பிறப்புறுப்பின் மாற்றம். கடைசிச் சில நாட்களில் அதன் இதழ்கள் நீண்டு, சுருக்கம் நீங்கித் தொளதொளவென்று ஆகும்.

ஐந்தாவது, காம்பு நுனியில் மெழுகு கட்டுதல். சீம்பால் சிறிது கசிந்து உலர்ந்து, தேன்மெழுகுத் துளிகளைப்போல் காம்பு நுனியில் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் ஈனுவதற்கு ஒன்று முதல் நான்கு நாட்களுக்கு முன் இது காணப்படும். ஆனால் மெழுகே கட்டாமல் ஈனும் குதிரைகளும் உள. மெழுகு கட்டி விழுந்தபின் வாரக்கணக்கில் காத்திருப்பவையும் உள. எனவே இதை ஒன்றையே நம்புதல் தவறு. முதற்சினைக் குதிரையிடம் குறிகள் யாவும் மங்கலாகவோ மிகத் தாமதமாகவோ தோன்றலாம் என்பதையும் மறத்தலாகாது.

ஓர் எச்சரிக்கை இங்கு அவசியம். உரிய காலத்துக்குப் பல வாரங்களுக்கு முன்பே மடி பருத்துப் பால் ஒழுகுமானால், அதைப் பிரசவக் குறியென்று எண்ணிக் காத்திருக்கலாகாது. நஞ்சுக்கொடியில் நோய்த்தொற்று, அல்லது இரட்டைச் சினை இருக்கலாம். உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

பால் கூறும் செய்தி

கண்ணாலும் கையாலும் அறியும் குறிகளைவிட உறுதியான சான்று மடியிற் சுரக்கும் நீரிலேயே கிடைக்கிறது. முதலில் அது தெளிந்து வைக்கோல் நிறமாக இருக்கும். பின்னர் கலங்கி, வெளுத்து, இறுதியில் பிசுபிசுப்பான கெட்டிச் சீம்பாலாக மாறும். இம்மாற்றத்தோடு அதன் இரசாயன அமைப்பும் மாறுகிறது. சோடியம் குறைகிறது, பொட்டாசியமும் கால்சியமும் கூடுகின்றன, அமிலத் தன்மை மிகுகிறது.

பி.எச். எனப்படும் அமில-கார அளவைக் காட்டும் தாள்கள் பள்ளி ஆய்வுக்கூடங்களிலேயே உள்ளன. சில வாரங்களுக்கு முன் 7-க்கு மேல் நிற்கும் அளவு, ஈனும் நேரம் நெருங்கும்போது ஏறத்தாழ 6.4-க்கு இறங்குகிறது. நீரின் கடினத்தன்மையை அளக்கும் தாள்களைக் கொண்டு, கால்சியம் பத்து லட்சத்தில் 200 பங்கைத் தாண்டிவிட்டதா என்றும் பார்ப்பதுண்டு. தாண்டியிருந்தால் அடுத்த ஓரிரு நாட்களில் ஈனுவதற்கு வாய்ப்பு மிகுதி. இச்சோதனையின் உண்மையான பயன் வேறொன்று: அளவு மாறாதிருக்குமாயின், அன்றிரவு ஈனாது என்று பெரும்பாலும் நம்பி உறங்கச் செல்லலாம். மாலை வேளையில் சில துளிகள் மட்டும் எடுத்தல் போதும். அடிக்கடி கறப்பது குட்டிக்கு உரிய சீம்பாலைத் திருடுவதாகும்.

உடல் உஷ்ணமும் சிறிது உதவும். சாதாரணமாகக் குதிரைக்கு மாலையில் உஷ்ணம் காலையைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஈனும் நாளன்று மாலை உஷ்ணம் உயராமலோ சற்றுக் குறைந்தோ இருப்பது வழக்கம். காலையும் மாலையும் அளந்து எழுதி வந்தவருக்கே இவ்வேற்றுமை தெரியும்.

இரவும் தனிமையும்

ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட குதிரைகள் இரவிலேயே ஈனுகின்றன. பகை விலங்குகளுக்கு அஞ்சி வாழ்ந்த முன்னோரிடமிருந்து வந்த பழக்கம் இது என்பர். மனித நடமாட்டத்தால் கலவரமுற்றால், முதற்கட்ட வலியைச் சிறிது காலம் தள்ளிவைக்கவும் குதிரையால் இயலும். ஆகவே காவலிருப்போர் விளக்கை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அருகிற் சென்று நிற்றல் கூடாது. சற்றுத் தொலைவிலிருந்து அமைதியாகக் கவனிக்க வேண்டும்.

முதற்கட்டத்தில் குதிரை அமைதியிழக்கும், நிலத்தைக் குளம்பால் கீறும், விலாப்புறத்தைத் திரும்பிப் பார்க்கும், படுத்து எழும், அடிக்கடி சிறிது சிறிதாகச் சாணமிடும், கழுத்தும் விலாவும் வியர்க்கும். இது ஒன்று முதல் நான்கு மணி நேரம் நீடிக்கலாம். வயிற்றுச் சூலையிலும் இதே குறிகள் காணப்படுவதால், மடியின் நிலையையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

பனிக்குடம் உடைந்து நீர் பாய்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்க. சில நிமிடங்களில் வெண்மையான சவ்வு தோன்றி, அதனுள் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக இரு முன்னங்கால்களும், அவற்றின்மேல் படிந்த முகவாயும் தெரிதல் வேண்டும். ஒரு காலோ தலையோ காணப்படாவிடினும், பத்து நிமிடங்களில் முன்னேற்றம் இல்லாவிடினும் உடனே மருத்துவ உதவி தேவை. உதவி வரும்வரை குதிரையை எழுப்பி மெல்ல நடத்தினால் முக்குவது குறையும்.

வெண்சவ்வுக்குப் பதிலாகச் சிவந்த வெல்வெட்டுத் துணி போன்ற பை வெளிப்பட்டால், நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது என்று பொருள். அப்போது மருத்துவருக்காகக் காத்திருத்தல் தகாது. அப்பையை அந்தக் கணமே கவனமாகக் கிழித்து, குதிரை முக்கும்போதெல்லாம் குட்டியைக் கீழ்நோக்கி இழுத்து வெளிக்கொணர்தல் வேண்டும்.

ஒன்று, இரண்டு, மூன்று

குட்டி பிறந்ததும் மூக்கையும் வாயையும் மூடிய சவ்வை நீக்குக. கொப்பூழ்க்கொடியை அறுக்க வேண்டாம். அது தானே அறுந்தபின் கிருமிநாசினியில் தோய்த்தல் போதும். பின்னர் நினைவில் வைத்தற்குரிய எளிய விதியொன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இவற்றுள் எது தவறினும் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். பசுவின் நஞ்சு மறுநாள் விழுந்தாலும் பெருந்தீங்கு நேராதிருக்கலாம். குதிரையின் வயிற்றில் தங்கிய நஞ்சோ, இரத்தத்தை நச்சாக்கிக் குளம்பு அழற்சியையும் விளைவிக்கும். அதைக் கையால் பிடித்து இழுத்தல் அறவே கூடாது.

குதிரைக்குட்டி நோய் எதிர்ப்புச் சக்தியின்றியே பிறக்கிறது. அதைச் சீம்பாலிலிருந்தே பெறுகிறது. குடல் அச்சத்தை ஏற்கும் ஆற்றல் 24 மணி நேரத்தில் ஒழிந்துவிடுவதால், முதல் ஆறு மணி நேரம் பொன்னானது. ஈனுமுன்பே பால் ஒழுகிய குதிரையானால், சீம்பால் வீணாகிவிட்டது என்பதை மருத்துவரிடம் மறவாமற் கூற வேண்டும்.

தாயின் தீனியைப் பற்றியும் ஒரு சொல். கொழுத்த சிற்றுருவக் குதிரையை இளைக்கச் செய்வதாக எண்ணிச் சினையின் இறுதி மாதங்களில் பட்டினி போடுவது பேராபத்து. உணவு குறைந்தால் உடற்கொழுப்பு கரைந்து இரத்தத்தில் மிகுந்து, ஈரலைக் கெடுத்து உயிரையே போக்கும். அத்தகைய குதிரை ஒரு நாள் முழுதும் தீனியைத் தொடாவிடினும் அதை அவசர நிலையாகக் கருதுக. ஈனுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன் தாய்க்கு ஜன்னித் தடுப்பூசி போட்டுவைத்தால், அதன் பயன் சீம்பால் வழியே குட்டிக்கும் சேரும்.

குறிப்பேட்டின் பயன்

இக்குறிகளுள் எதுவும் தனித்து நின்று உறுதி கூறாது. பல சேர்ந்து ஒரே திசையைக் காட்டும்போதுதான் நம்பத்தக்கதாகிறது. ஆதலால் 300-ஆவது நாள் முதல் தேதி, மடி, காம்பு, வாலடி, காலை மாலை உஷ்ணம், பாலின் நிறம், பி.எச். அளவு ஆகியவற்றைக் கட்டம் கட்டமாக எழுதிவருதல் வேண்டும். குதிரை வளர்க்கும் ஊர்களிலுள்ள ஆசிரியர்கள், பி.எச். அளவையும் உஷ்ணத்தையும் வரைகோட்டுப் படமாக மாணவர்களைக் கொண்டே வரையச் செய்யலாம். அமிலமும் காரமும் பாடப்புத்தகச் சொற்களாக இராமல், ஓர் உயிரின் வருகையை அறிவிக்கும் செய்திகளாக மாறுவதை அவர்கள் நேரிற் காண்பார்கள். அடுத்த முறை அதே குதிரை சினையுறும்போது அக்குறிப்பேடே சிறந்த வழிகாட்டியாகும். ஏனெனில் பெட்டைக் குதிரை ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முறையை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஆண்டுதோறும் அதையே பின்பற்றுகிறது.