கண்ணாடி இல்லாத வீடு

நிலைத்த நெஞ்சம் – 17

எங்கள் பக்கத்தில் 'சமாதானம்' என்றால் முதலில் நினைவுக்கு வருவது வரப்புத் தகராறுதான். அண்ணன் தம்பி இருவரும் ஒரு முழ நிலத்துக்காக அரிவாளைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "சரி விடுங்கப்பா, சமாதானமாப் போயிருங்க" என்பார். வேலை செய்யாமல் சாக்குச் சொல்லும் பையனைப் பார்த்து, "என்னடா சமாதானம் சொல்ற?" என்றும் கேட்போம். இரண்டிலும் ஒரே பொருள்தான்: வாயை அடைப்பது, வழக்கை முடிப்பது.

வேதக்கோயிலிலும் இதே சொல்தான் புழங்குகிறது. ஆராதனை முடிந்ததும் போதகர் கையை உயர்த்திச் சமாதானம் கூறித்தான் அனுப்புவார். அங்கே இந்தச் சொல்லுக்கு வழக்கை முடிப்பது என்ற பொருள் பொருந்தாது. வழக்கு முடியாமலே நெஞ்சு நிலைகொள்வது என்று ஒன்று உண்டா? இந்த வாரக் கதை அதைப் பற்றியது.

சென்ற வாரம் 1623இல் காவி உடுத்தி சேந்தமங்கலத்துக்கு வந்த பாதிரியார் ராபர்ட் டி நொபிலியையும், அவரை வரவேற்ற ராமச்சந்திர நாயக்கரையும் பார்த்தோம். அதே சேந்தமங்கலத்தில் 290 ஆண்டுகள் கழித்து, 1913இல் ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஜெஸ்ஸி பிராண்ட், வயது 28. பெண் ஈவ்லின் ஹாரிஸ், லண்டனின் வசதியான வணிகர் வீட்டு மகள், வயது 34. ஓவியம் பயின்றவர். இருவரும் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனின் ஊழியர்கள். கல்யாணம் முடிந்த கையோடு அவர்கள் ஏறப்போனது கொல்லிமலை.

இன்று காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் ஏறினால் பாதி வழியில் பக்கத்து இருக்கைக்காரர் எலுமிச்சம்பழத்தை முகர ஆரம்பித்துவிடுவார். அன்று சாலையே கிடையாது. டோலி கட்டி ஆள் தூக்கிப் போக வேண்டும், இல்லையென்றால் நடக்க வேண்டும். புதுப்பெண் டோலியில் போனார். வழியில் மழை பிடித்துக்கொண்டது. மணப்பெண் உடையெல்லாம் சேறாகித்தான் மலையில் இறங்கினார். அவர்கள் குடியேறிய இடத்தின் பெயர் வாழவந்தி. பெயரிலேயே சேதி இருக்கிறது.

கொல்லிமலை இருக்கும் நாமக்கல் அப்போது தனி மாவட்டம் இல்லை. அது பிரிந்தது 1997இல்தான். பரந்த சேலம் ஜில்லாவின் ஒரு மூலையில், காய்ச்சல் மலை என்று கீழ்நாட்டார் அஞ்சிய இடம் அது. சாமையும் ராகியும் விதைத்து வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு மருத்துவர் என்று ஒருவரும் இல்லை. ஜெஸ்ஸியும் முழு மருத்துவர் அல்ல. ஊழியத்துக்குப் போகிறவர்களுக்கு லண்டனில் நடத்தப்பட்ட ஓராண்டு வெப்பமண்டல மருத்துவப் பயிற்சிதான் அவருடைய கைமுதல்.

அந்தக் கைமுதல் எப்படிப் பயன்பட்டது என்பதற்கு ஒரு காட்சி போதும். நரம்புச் சிலந்தி என்று நம் பாட்டிமார் சொன்ன நோய். படிக்கிணற்றுத் தண்ணீரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரோடு கிருமியும் வயிற்றுக்குள் போகும். ஏறத்தாழ ஓராண்டு ஒன்றும் தெரியாது. பிறகு காலில் ஒரு கொப்புளம். அது உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் போல ஒரு புழு தலைகாட்டும். நீளம் இரண்டடி, மூன்றடி. எரிச்சல் தாங்காமல் நோயாளி காலைக் கிணற்றுப் படியில் இறங்கித் தண்ணீருக்குள் வைப்பார். புழு அங்கே ஆயிரக்கணக்கில் குஞ்சு விடும். அடுத்தவர் அதே தண்ணீரைக் குடிப்பார்.

புழுவை இழுக்கக் கூடாது. இழுத்தால் அறுந்து உள்ளேயே அழுகும், கால் சீழ்பிடித்துவிடும். ஒரு சின்னக் குச்சியில் அதன் நுனியைச் சுற்றி, நாளுக்கு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் என்று மெல்லத் திருப்ப வேண்டும். முழுதும் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். ஜெஸ்ஸி குச்சியும் கையுமாக உட்கார்ந்து அதைச் செய்தார். கூடவே, காலை உள்ளே வைக்க முடியாதபடி கைப்பிடிச்சுவர் வைத்த கிணறுகளுக்காகப் பாடுபட்டார். நரம்புச் சிலந்தி இந்தியாவிலேயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2000இல். கொல்லிமலையில் அந்த வேலை அதற்கு எத்தனையோ ஆண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது.

ஆனால் வந்த காரியம்? ஆண்டுக்கணக்கில் ஒருவர்கூட அவர்கள் வழிக்கு வரவில்லை. மருந்துக்கு வருவார்கள், பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புவார்கள். சாமி விஷயம் என்றால் பூசாரியின் சொல்லை மீற மாட்டார்கள். பிறகு அந்தப் பூசாரியே காய்ச்சலில் விழுந்தார். சொந்தபந்தம் நெருங்க அஞ்சிய வீட்டுக்குள் இந்த இருவரும்தான் போனார்கள். சாகும் தறுவாயில் தன் பிள்ளைகளை அவர்களிடமே ஒப்படைத்தார் அவர். அதன் பிறகுதான் மலையில் ஒரு சிறு சபை உருவானது. இதை மதமாற்றக் கதையாக வாசிப்பவர்களும் உண்டு, வாசிக்கட்டும். எனக்கு அதில் கண்ணில் படுவது, யாரும் நுழையாத ஒரு வாசற்படிதான்.

1914இல் மகன் பால் பிறந்தான். பிறகு ஒரு மகள், கான்னி. 1923இல் விடுப்பில் ஊருக்குப் போனபோது ஒன்பது வயதுப் பையனையும் தங்கையையும் படிப்புக்காக லண்டனில் தாயின் சகோதரிகள் வீட்டில் விட்டுவிட்டு, பெற்றோர் இருவரும் மலைக்குத் திரும்பினார்கள். இன்று எந்தத் தாயும் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். நானும் இதை நியாயப்படுத்தப் போவதில்லை. ஈவ்லின் தன் வாழ்நாளில் சுமந்த பாரங்களில் இதுவும் ஒன்று. விசுவாசம் அவருக்கு வலியில்லாத வாழ்க்கையைத் தரவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

1929 ஜூன். ஜெஸ்ஸிக்குக் கருநீர்க் காய்ச்சல் கண்டது. மலேரியா முற்றிச் சிறுநீர் கறுத்துப்போகும் கொடிய நோய். மலை முழுக்க மருந்து கொடுத்தவருக்கு மருந்து பலிக்கவில்லை. வயது 44தான். வாழவந்தியிலேயே புதைத்தார்கள்.

லண்டனுக்குத் தந்தி போனது. 14 வயதுப் பையன் அப்பா இல்லை என்று தெரிந்துகொண்டான். அதன் பிறகும் அப்பாவிடமிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. கப்பல் தபால் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும் காலம் அது. இறந்த மனிதர் மலையின் அழகைப் பற்றியும், மகன் வளர்ந்து எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றியும் வாராவாரம் பேசிக்கொண்டிருந்தார். தந்தி சுருக்கமாகச் சொன்ன சாவைக் கடிதங்கள் ஒவ்வொன்றாக மறுத்தன. பிறகு அவையும் நின்றன.

ஓராண்டு கழித்து ஈவ்லின் இங்கிலாந்துக்குப் போனார். தன்னை வரவேற்க வந்த மகனுக்கே அவரை அடையாளம் தெரியவில்லை. நினைவில் இருந்தது நிமிர்ந்த, அழகான அம்மா. வந்து நின்றது கூனிப்போன, வயதான ஒரு பெண். வேண்டாம், இனி இங்கேயே இருந்துவிடுங்கள் என்று உறவினர் கெஞ்சினார்கள். அவர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார்.

திரும்பியவருக்கு மலை கிடைக்கவில்லை. மிஷன் அவரைச் சமவெளி வேலையில் வைத்தது. விடுமுறை கிடைத்தால் மலையேறுவார், முடிந்ததும் இறங்குவார். இப்படியே பல ஆண்டுகள் ஓடின. 68 வயதானபோது ஓய்வெடுங்கள் என்றது மிஷன். ஒரே ஓராண்டு கொடுங்கள் என்று பேரம் பேசி வாங்கினார். அந்த ஓராண்டுக்குள் மலையில் ஒரு சின்ன வீட்டுக்கு வேண்டியதைச் சத்தமில்லாமல் சேர்த்துக்கொண்டார். வழியனுப்பு விழாவில் எல்லாரும் பாராட்டிப் பேசி முடித்த பிறகு, மிஷனிலிருந்து ஓய்வுபெறுகிறேன், மலைக்குப் போகிறேன் என்று அறிவித்துவிட்டார். அவரும் கணவரும் கொல்லிமலையில் தொடங்கிப் பச்சைமலை, கல்வராயன், சித்தேரி என்று ஐந்து மலைகளுக்குப் போகக் கனாக் கண்டிருந்தார்கள். அந்தக் கனவைத் தூசிதட்டி எடுக்கும்போது அவருக்கு வயது 70ஐ நெருங்கிவிட்டது.

அதன் பிறகு ஏறத்தாழ கால் நூற்றாண்டு. மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார், பலமுறை விழுந்தார். ஒருமுறை இடுப்பெலும்பு முறிந்து இரவு முழுக்கத் தரையிலேயே கிடந்தார். காலையில் கண்டவர்கள் கயிற்றுக்கட்டிலில் வைத்து மலையிறக்கினார்கள். பாதங்களில் உணர்ச்சி குன்றியது. இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். இதற்குள் வேலூரில் பெரிய அறுவைச் சிகிச்சை நிபுணராகிவிட்ட மகன் நேரில் போய், போதும் வாருங்கள் என்று வாதாடித் தோற்றார்.

மகனின் கதையைச் சொல்லாமல் தாயின் கதை முடியாது. டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர். தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றிக் கட்டி மீண்டும் கைகளாக்கியவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் நோயாளியே அறியாமல் காயப்பட்டுத் தேய்கின்றன என்பதை உலகம் ஏற்கும்படி நிறுவியவர். பின்னாளில் வலியை ஒரு கொடை என்றே அழைத்துப் புத்தகம் எழுதினார்.

அதை அவர் தன் உடம்பிலேயே படித்த இரவு ஒன்று உண்டு. நீண்ட கப்பல் பயணம், அதன் பிறகு ரயில், உடம்புக்கும் சரியில்லை. லண்டனில் அறைக்குள் வந்து காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்ச்சியே இல்லை. ஊசி எடுத்துக் குத்தினார். ரத்தப்பொட்டு வந்தது, வலி வரவில்லை. ஆண்டுக்கணக்கில் தொழுநோயாளிகளைத் தொட்டுப் பழகியவருக்கு அதன் பொருளை யாரும் சொல்ல வேண்டியதில்லை. இனி பிள்ளைகளைத் தொட முடியாது, தொழில் முடிந்தது என்று இரவெல்லாம் விழித்துக் கிடந்தார். விடிந்ததும் மறுபடி குத்தினார். சுரீரென்று வலித்தது! ரயிலில் அசையாமல் உட்கார்ந்திருந்ததில் நரம்பு மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்ன காலை அது.

நாம் வழக்கமாக நினைப்பது வேறு. வலி போனால் அமைதி வரும் என்று காத்திருக்கிறோம். கடன் தீரட்டும், மகள் கல்யாணம் முடியட்டும், மூட்டுவலி போகட்டும். ஊர்ப் பெரியவர் செய்துவைக்கும் சமாதானம் போல, எதிர்த்தரப்பு எழுந்து போன பிறகு வருவது அமைதி என்று கணக்குப் போடுகிறோம். கிறிஸ்தவ வேதத்தில் இந்தக் கணக்கு தலைகீழ். யோவான் நற்செய்தியில் இயேசு தம் சீடருக்குச் சமாதானத்தைக் கொடுத்துப் போவதாகச் சொல்வது எப்போது? பிடிபடப்போகும் இரவில், மறுநாள் சிலுவை என்று தெரிந்த நிலையில். பிலிப்பியருக்குப் பவுல் சமாதானத்தைப் பற்றி எழுதியது எங்கிருந்து? சிறையிலிருந்து. எதிர்த்தரப்பு எழுந்து போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

ஈவ்லின் வாழ்க்கையில் துக்கம் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. கணவரின் கல்லறை இருந்த மலைக்கேதான் அவர் திரும்பத் திரும்ப ஏறினார். ஏன் இப்படி நடந்தது என்ற கேள்விக்கு அவருக்கு விடை கிடைத்ததாக யாரும் எழுதவில்லை. இந்த மலைக்குக் கணவரை அனுப்பிய கடவுள்தான் தன்னையும் அனுப்பினார் என்ற ஒரே நம்பிக்கை இருந்தது. கேள்வியை அதன்மேல் சாய்த்துவைத்துவிட்டு, அடுத்த ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போனார். குச்சியில் சுற்றும் வேலை மாதிரிதான் இதுவும். ஒரே இழுப்பில் துக்கத்தைப் பிடுங்கியெறிய அவர் முயலவில்லை.

மகன் பால் தன் தாயைப் பற்றிச் சொன்ன ஒரு சிறு விவரம் என்னை விடுவதாயில்லை. வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகள் அவர் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே இல்லை. ஓவியம் பயின்றவர், அழகு அறிந்தவர்; சுருக்கம் விழுந்த தன் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. தன்னை விட்டுக் கண்ணை எடுத்தவருக்குத்தான் அந்த அமைதி வாய்த்தது என்று நான் நினைக்கிறேன். அமைதி வேண்டும், அமைதி வேண்டும் என்று நாளும் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதும் ஒருவகைக் கண்ணாடி பார்ப்பதுதானே?

1974 டிசம்பர் 18 அன்று, 95ஆம் வயதில் அவர் இறந்தார். சவப்பெட்டி வேண்டாம் என்பது அவர் விருப்பம். ஒரு பருத்தித் துணியில் சுற்றி, மலை மக்கள் சூழ, ஜெஸ்ஸிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். இடையில் 45 ஆண்டுகள்.

இந்தக் கதையை எழுதுவதற்கு முன் பெரியம்மாவிடம் சொன்னேன். வேதக்காரர் அல்ல அவர்; மாரியம்மனுக்கு மாவிளக்கு எடுப்பவர். பெரியப்பா போய் ஒன்பது வருஷம். முருங்கைக்கீரை உருவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தம்மா அழுதாங்களா கண்ணு?"

"அழுதிருப்பாங்க பெரியம்மா. அழாம எப்படி?"

"அழுதுட்டு?"

"அடுத்த ஊருக்கு மருந்து எடுத்துட்டுப் போனாங்க."

கொஞ்ச நேரம் பேசவில்லை. காம்புகளை முறத்தின் ஒரு பக்கம் ஒதுக்கினார். "அப்பச் சரி" என்றார்.

(அடுத்த வாரம்: காரிகிரியில் ஒரு பட்டறை)

– தொடரும்