தலைவாஸுக்கு லீவு விட்டாச்சு... நம்ம ஊருக்கு சீசன் வந்தாச்சு!

பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம். ஆலங்குடி பக்கம் ஒரு கிராமம். ராத்திரி பதினோரு மணி. ஊர்ப் பொட்டலைச் சமப்படுத்தி, தண்ணி தெளிச்சு, சுண்ணாம்புப் பொடியில கோடு போட்டு, நாலு மூலையிலும் கம்பம் நட்டு ஃபோகஸ் லைட் கட்டியிருக்காங்க. முதல் பரிசு ரொக்கம், சுழற்கோப்பை, கூடவே ஒரு ஆட்டுக்கிடா. 'முதல் அழைப்பு... இரண்டாவது அழைப்பு... இந்த அழைப்புக்கும் வரலைன்னா எதிரணி வெற்றி பெற்றதா அறிவிக்கப்படும்'னு மைக்செட் அண்ணன் மிரட்டிக்கிட்டே இருக்கார். வேலி ஓரம் டிராக்டர் மேல ஏறி நின்னு ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துல அடியேனும் ஒருத்தன்.

எங்க ஊர் ரைடர் பாடிப் போறான். பத்தொன்பது வயசு. போனஸ் கோட்டைக் கால்ல தொட்டுட்டு, மேல விழுந்த மூணு பேரையும் தூக்கிக்கிட்டு நடுக்கோட்டைத் தொட்டான். ஊரே விசில். பக்கத்துல இருந்த பெரியவர் கேட்டாரு பாருங்க ஒரு கேள்வி: "ஏம்ப்பா, டிவியில வருதே நம்ம தமிழ் டீமு... அவுங்களுக்கு இவன் கண்ணுல படவே மாட்டானா?"

பாஸ், எனக்கு அந்த ராத்திரி தூக்கமே வரலை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடினதுதான் இந்தக் கட்டுரை!

எட்டு சீசன்... ஒரே ஒரு பிளே-ஆஃப்!

ப்ரோ கபடி லீக் தொடங்கினது 2014-ல். நம்ம தமிழ் தலைவாஸ் உள்ளே வந்தது 2017-ல், ஐந்தாவது சீசன்ல. அப்போ கேப்டன் அஜய் தாக்கூர். 2016 உலகக் கோப்பையில் இந்தியாவை ஜெயிக்க வெச்ச ஹீரோ. எதிர்பார்ப்பு எகிறுச்சு. ஆனா நடந்தது? 2017-ல் தன் பிரிவில் கடைசி. 2018-லயும் தன் பிரிவில் கடைசி. 2019-ல் பிரிவே கிடையாது, மொத்தம் 12 டீம். அதுலயும் 12-வது இடம்!

இத்தனைக்கும் அந்த 2019 டீமைப் பேப்பர்ல பார்த்தா கண்ணு கூசும். அஜய் தாக்கூர் இருக்கார். 94 லட்சத்துக்கு ஏலம் எடுத்த ராகுல் சௌத்ரி இருக்கார். டிஃபென்ஸில் மஞ்சீத் சில்லர், மோஹித் சில்லர், ரன் சிங். பொண்ணு பார்க்கப் போறப்போ ஊர்ல இருக்கிற நகையெல்லாம் இரவல் வாங்கிப் போட்ட மாதிரி ஒரு டீம். பளபளப்பு இருந்துச்சு... பாயின்ட் வரலை.

2017-ல் இருந்து 2025 வரைக்கும் தலைவாஸ் ஆடினது எட்டு சீசன். அதுல பிளே-ஆஃப் போனது 2022-ல் ஒரே ஒரு முறைதான். அந்த ஒரு முறை எப்படிப் போனாங்கன்னு பார்த்தா, மத்த ஏழு முறை ஏன் போகலைங்கிறதும் புரிஞ்சிடும் மக்களே!

பத்து நிமிஷத்துல போன 2.26 கோடி

2022 ஏலத்துல பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தாங்க. அப்போ ஒரு டீம் செலவு பண்ணக்கூடிய மொத்தக் காசே 4.4 கோடிதான். அதாவது பட்ஜெட்டில் பாதிக்கு மேல ஒரே ஆள் மேல! முதல் மேட்ச்லயே பவனுக்கு முட்டியில் அடி. சீசன் க்ளோஸ்.

'அவ்ளோதான்டா'ன்னு நாம டிவியை ஆஃப் பண்ணப் போனப்போதான் அதிசயம் நடந்துச்சு. நரேந்தர்னு ஒரு பொடியன். அதுதான் அவருக்கு முதல் சீசன். 243 ரைடு பாயின்ட் அடிச்சுத் தள்ளினார். டிஃபென்ஸில் சாகர், சாஹில் குலியான்னு சின்னப் பசங்க கோட்டை கட்டினாங்க. பயிற்சியாளர் அஷன் குமார். ஐந்தாவது இடம். எலிமினேட்டர்ல உ.பி. யோதாஸோட 36-36 டை ஆகி, டை-பிரேக்கரில் ஜெயிச்சு செமி ஃபைனல். அங்கே புனேரி பல்தானிடம் 37-39. ரெண்டே ரெண்டு பாயின்ட்ல போச்சு!

நான் படிக்கிறது இன்ஜினீயரிங். எங்க வாத்தியார் முதல் வருஷத்துலயே சொல்லிக்கொடுத்த பாடம் இது: கட்டடத்தோட மொத்த லோடையும் ஒரே தூண்ல இறக்காதே. பவன்ங்கிற தூண் விழுந்ததும் தலைவாஸ் வேற வழியில்லாம லோடைப் பிரிச்சுக்கொடுத்தாங்க. கட்டடம் நின்னுச்சு.

சரி, பாடம் கத்துக்கிட்டாங்களா? 2024-ல் சச்சின் தன்வருக்கு 2.15 கோடி. அப்போ பட்ஜெட் 5 கோடி. நூத்துக்கு நாற்பத்து மூணு ரூபாய் ஒருத்தருக்கு! ரிசல்ட், ஒன்பதாவது இடம். 2025-ல் அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி, திரும்பவும் பவனுக்கு 59.5 லட்சம். சீசன் நடுவுலயே பவன் டீமில் இல்லாம போனார். பிளே-ஆஃப் கதவும் திறக்கலை.

பயிற்சியாளர் கதையும் இப்படித்தான். 2023-24 வரைக்கும் அஷன் குமார். 2024-ல் உதயகுமாரும் சேரலாதனும். 2025-ல் சஞ்சீவ் பலியான். நட்ட கன்றை வருஷா வருஷம் பிடுங்கி வேற இடத்துல நட்டா, அது வேர் விடுறது எப்போ, காய்க்கிறது எப்போ?

ஆக, சீசன் முடிஞ்சு நிக்கிற தலைவாஸுக்கு என்ன தேவைன்னு என்னைக் கேட்டா, என் லிஸ்ட் ரொம்பச் சின்னது. ஒண்ணு, லோடைப் பங்கு போட ரெண்டாவது, மூணாவது ரைடர். ரெண்டு, சேர்ந்தே ரெண்டு மூணு வருஷம் ஆடுற கார்னர் ஜோடி. மூணு, மாறாத பயிற்சியாளர். நாலு, மலிவான விலையில கிடைக்கிற இளம் பசங்க. இந்த நாலாவதுதான் நம்ம மேட்டர்!

அமெரிக்காக்காரன் கெட்டிக்காரன்!

அமெரிக்காவுல 'என்.எஃப்.எல்.'னு ஒரு லீக். அவங்க ஊர் ஃபுட்பால். காலால உதைக்கிறதைவிட கையால பிடிச்சு ஓடுறதும், ஓடுறவனைக் கட்டிப்பிடிச்சு சாய்க்கிறதும்தான் அதிகம். பார்த்தா நம்ம கபடிக்கு ஒண்ணுவிட்ட சித்தப்பா மாதிரி இருக்கும். அங்கே 32 டீம். ஒவ்வொரு வருஷமும் சீசன் முடிஞ்ச பிறகு, ஏப்ரல்ல 'டிராஃப்ட்'னு ஒரு திருவிழா. காலேஜ்ல ஆடுற பசங்களை டீம்கள் வரிசையா தேர்ந்தெடுப்பாங்க. யாருக்கு முதல் சான்ஸ் தெரியுமா? போன சீசன்ல மட்டமா தோத்த டீமுக்கு! தோத்தவன் நல்ல ஆளை முதல்ல எடுத்துக்கோன்னு ஒரு நியாயம். அதனால அங்கே ஒவ்வொரு டீமும் காலேஜ் கிரவுண்ட் கிரவுண்டா ஆள் அனுப்பி, வருஷம் பூரா நோட்டம் விடும்.

நம்ம கபடியில டிராஃப்ட் இல்லை, ஏலம். கடைசியில வந்தவனுக்கும் முதல்ல வந்தவனுக்கும் ஒரே பர்ஸ்தான். அதனால தோத்த டீமுக்குக் கைகொடுக்க ரூல் கிடையாது. கண்ணு வேணும்... ஆளைக் கண்டுபிடிக்கிற கண்ணு! இளம் வீரர்களுக்குன்னு ப்ரோ கபடியில தனி வாய்ப்பு இருக்கு. ஏலத்துல 'டி' பிரிவு ஆளுக்கு அடிப்படை விலையே 2025-ல் 9 லட்சம்தான். 2.15 கோடிக்கு ஒருத்தரை எடுக்கிற காசில், அந்த விலையில இருபத்து மூணு பேரை எடுக்கலாம். கணக்கு சரியான்னு கால்குலேட்டர்ல போட்டுப் பாருங்க!

இப்போ காலண்டரைக் கொஞ்சம் புரட்டுங்க. 2025 சீசன் அக்டோபர் 31-ம் தேதி முடிஞ்சது. ஐப்பசி, கார்த்திகை நமக்கு அடைமழை. பொட்டலெல்லாம் சேறு. தை பிறந்தா புதுக்கோட்டை மாவட்டம் பூரா கபடி. பொங்கல்ல ஆரம்பிச்சு கோயில் திருவிழா வரைக்கும் கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, அறந்தாங்கி, பொன்னமராவதின்னு எங்கேயாவது ஒரு ஊர்ல லைட் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். அவங்களுக்கு லீவு விடுற நேரம்தான் நமக்கு சீசன். தேடுறவங்களுக்குக் கையில வேலை இல்லாத மாசத்துல, தேடப்பட வேண்டியவன் இங்கே ஃபோகஸ் லைட் வெளிச்சத்துல நிக்கிறான். பெரியவர் கேள்விக்கு என் பதில் இதுதான்: ஒரு எட்டு வந்தா கண்ணுல படுவான் தாத்தா!

சும்மா பெருமைக்குச் சொல்லலை. பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன். 2016-ல் பாட்னா பைரேட்ஸை கேப்டனா இருந்து சாம்பியன் ஆக்கினவர். நாற்பது வயசைத் தாண்டியும் எதிராளியோட கணுக்காலை விடாதவர். திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷும், சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும் 2025-ல் பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுல இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிட்டு வந்தாங்க. தமிழக அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்துச்சு. பக்கத்து மாவட்டத்துப் பிடி பஹ்ரைன் வரைக்கும் போகும்போது, நம்ம பிடி மட்டும் ஆட்டுக்கிடாவோட நிக்கணுமா?

நம்ம டீமுக்கு என்ன தேவை?

தலைவாஸுக்கு லிஸ்ட் போட்டாச்சு. எங்க ஊர் டீமுக்கும் ஒரு லிஸ்ட் போட்டேன். கொஞ்சம் கனமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

முதல் தேவை, ஆள். தலைவாஸ் ஒரு ரைடரை விட்டா அவர் இன்னொரு டீமுக்குப் போவார். எங்க டீம்ல ஒரு ரைடர் போனா சிங்கப்பூர் போவார்! ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஃபைனல்ல பதினோரு பாயின்ட் எடுத்தவர், அடுத்த வாரமே ஒர்க் பெர்மிட் வந்து ஃப்ளைட் ஏறிட்டார். போகாதேன்னு யார் சொல்ல முடியும்? வீட்டுல தங்கச்சி கல்யாணம் நிக்குது. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. தமிழ்நாட்டுல அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகித ஒதுக்கீடு இருக்கு. இன்ஜினீயரிங் கவுன்சலிங்ல விளையாட்டுக்குன்னு 500 சீட் இருக்கு. ரெண்டுக்கும் கேட்கிறது சர்ட்டிஃபிகேட். ராத்திரி பொட்டல்ல ஜெயிச்ச சுழற்கோப்பைக்கு அங்கே மதிப்பு இல்லை. முதலமைச்சர் கோப்பை மாதிரி அங்கீகாரம் உள்ள போட்டியில ஆடினாதான் அந்தப் பாதையில காலே வைக்க முடியும். இந்த விஷயம் தெரியாமலே எத்தனை பேர் பாஸ்போர்ட் எடுத்திருப்பாங்க!

ரெண்டாவது, மேட். நாம ஆடுறது மண். அவங்க ஆடுறது செயற்கை மேட். மண்ணுல வெறுங்கால், மேட்ல ஷூ. மண் காலை வழுக்கி விட்டுடும். மேட் காலைக் கவ்விப் பிடிக்கும். உடம்பு திரும்பும், பாதம் திரும்பாது. மண்ணுல பத்து வருஷம் புலியா இருந்தவனும் முதல் தடவை மேட்ல ஏறினா ஒரு நொடி தடுமாறுவான். அந்த ஒரு நொடியில கார்னர் ஆள் கணுக்காலைப் பிடிச்சிடுவான். செலக்‌ஷனுக்குப் போற நம்ம பசங்க பாதிப் பேர் திரும்பி வர்றது திறமை இல்லாம இல்லை, அந்த ஒரு நொடியாலதான்.

மூணாவது... முட்டி.

எங்க டீம்ல லெஃப்ட் கார்னர் அண்ணன் ஒருத்தர் இருந்தார். தொடையில கை வெச்சார்னா வந்தவன் வீட்டுக்குப் போக முடியாது. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மேட்ச்ல முட்டி திரும்பி, 'டப்'புன்னு ஒரு சத்தம். அது கோட்டுக்கு வெளியே நின்ன எனக்கே கேட்டுச்சு. வீங்கிப் போச்சு. தூக்கிட்டுப் போய் எண்ணெய் போட்டு நீவி, இழுத்துக் கட்டுனோம். 'நாலு நாள்ல சரியாகிடும்ணே'ன்னு சொன்னது நான்தான். பத்தாவது நாள் அடுத்த டோர்னமென்ட்ல இறக்கியும் விட்டோம். திரும்பவும் அதே முட்டி. அதோட சரி.

பவனுக்கும் போனது முட்டிதான். அவருக்குச் சிகிச்சை கிடைச்சது, மாசக்கணக்கா ஓய்வு கிடைச்சது. 2023-ல் இந்தியாவுக்கு கேப்டனா நின்னு ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கினார். அதே மாசம் நடந்த ஏலத்துல தெலுகு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்துச்சு. எங்க அண்ணன் இப்போ திருப்பூர்ல பனியன் கம்பெனியில நின்னுக்கிட்டே வேலை பார்க்கிறார். மாடிப்படி இறங்கும்போது மட்டும் கைப்பிடியைப் பிடிச்சுக்கிறார்.

ஒரே முட்டிதான் மக்களே. வித்தியாசம் பத்து நாள் அவசரம்!

நாம என்ன பண்ணலாம்?

ஸ்பான்சர் பிடிக்கணும், ஸ்டேடியம் கட்டணும்னு பெரிசா சொல்லப் போறதில்லை. நம்மளால முடிஞ்சது மட்டும்.

கையில கேமரா போன் இருக்குல்ல? ரீல்ஸுக்கு ரெண்டு ரைடு எடுக்கிறதோட நிறுத்தாம, முழு மேட்ச்சையும் ஒரே கோணத்துல எடுங்க. ஒரு நோட்டு போட்டு எத்தனை ரைடு, எத்தனை டச், எத்தனை போனஸ், எத்தனை பிடின்னு குறிச்சு வைங்க. எக்ஸெல் தெரிஞ்ச பய ஊருக்கு ஒருத்தன் இருப்பான், அவனை உட்கார வைங்க. 'எங்க ஊர்ப் பய சூப்பரா ஆடுவான் சார்'னு சொன்னா எந்த கோச்சும் கேட்க மாட்டார். 'இருபது மேட்ச், இவ்ளோ ரைடு, இவ்ளோ பாயின்ட், இதோ வீடியோ'ன்னு நீட்டினா கண்டிப்பா ஒரு நிமிஷம் நின்னு பார்ப்பார்.

முட்டியில சத்தம் கேட்டு வீங்கினா, நீவாதீங்க, இழுக்காதீங்க. ஐஸ் வைங்க, காலை ஊன விடாதீங்க, எலும்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. டாக்டர் சொல்ற வரைக்கும், கிடா பரிசா இருந்தாலும் சரி, காளை மாடே பரிசா இருந்தாலும் சரி, களத்துல இறக்காதீங்க. என்கிட்ட அன்னிக்கு இதை யாரும் சொல்லலை. அதான் உங்ககிட்ட சொல்றேன்.

அண்ணன் இந்தப் பொங்கலுக்கும் ஊருக்கு வந்திருந்தார். அந்த ராத்திரி மேட்ச் முடிஞ்சதும், மூணு பேரைத் தூக்கிட்டு வந்த அந்தப் பத்தொன்பது வயசுப் பயலைக் கூப்பிட்டு உட்கார வெச்சார். பாயின்ட்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அவன் முட்டியில கை வெச்சு மெதுவா மடக்கிப் பார்த்தார். "வலிக்குதா... நிசமா சொல்லு."

"இல்லண்ணே."

"பொய் சொல்லாதடா."

"கொஞ்சமா வலிக்குதுண்ணே."

"அப்ப நாளைக்கு நீ ஆடலை."

மறுநாள் அவன் இல்லாம எங்க டீம் காலிறுதியிலேயே தோத்துப் போச்சு. கிடாவைப் பக்கத்து ஊர்க்காரன் ஓட்டிட்டுப் போயிட்டான். பரவாயில்லை பாஸ்... எங்க டீமுக்கு அடுத்த சீசனுக்குத் தேவையானதை நாங்க பத்திரமா வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டோம்!