சீலோவாம் கோபுரமும் வீராங்கல் ஓடையும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் தாம்பரத்தில் பெய்யத் தொடங்கிய மழை, மறுநாள் காலைக்குள் 49 சென்டிமீட்டரை எட்டியது. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியினின்று விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. மீனம்பாக்கம் விமான நிலையம் நீரில் மூழ்கிப் பல நாள் மூடிக்கிடந்தது. அதையடுத்த நங்கநல்லூரின் தாழ்ந்த தெருக்களிலும், அதற்குக் கிழக்கிலும் தெற்கிலும் உள்ள மடிப்பாக்கம், வேளச்சேரிப் பகுதிகளிலும் மக்கள் மாடிகளில் இரவைக் கழித்தனர்.

நீர் வடிவதற்குள்ளாகவே விளக்கங்கள் வந்து சேர்ந்தன. நகரத்தின் பாவம் நிறைவேறிற்று என்றும், இஃது இறைவனின் தண்டனை என்றும் பிரசங்க பீடங்கள் சிலவற்றினின்று கூறக் கேட்டோம். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னும் இவ்வாறே கூறப்பட்டது. 2020-இல் கொரோனா கொள்ளைநோய் பரவியபோதும் கூறப்பட்டது. நங்கநல்லூரோ கோயில்கள் மிகுந்தமையால் சின்னக் காஞ்சி எனப் பெயர் பெற்ற ஊர். அருகில் தோமாவின் பெயரைத் தாங்கிய பரங்கிமலை நிற்கிறது. ஓரிடத்து வெள்ளத்தைத் தண்டனை என்றும் மற்றோரிடத்து வெள்ளத்தைச் சோதனை என்றும் பிரித்துரைப்பார்க்கு இவ்விரு ஊர்களும் அடுத்தடுத்து அமைந்திருப்பது சங்கடமே. ஒரே மேகம் இரண்டின் மீதும் பெய்தது. (காப்பீட்டுப் பத்திரங்களும் இத்தகைய இழப்புகளைத் 'தெய்வச் செயல்' எனக் குறிப்பதுண்டு. ஆயரும் காப்பீட்டு முகவரும் ஒரே சொல்லை ஆளும்போது, ஆயர் சற்று நின்று சிந்திப்பது நலம்.)

இவ்விளக்கத்திற்குத் திருமறையில் ஆதாரமே இல்லை என நாம் கூற இயலாது. உபாகமம் 28-ஆம் அதிகாரம் கொள்ளைநோயையும் வறட்சியையும் கீழ்ப்படியாமையின் விளைவாகக் கூறுகிறது. ஆமோஸ் 4-ஆம் அதிகாரமும் அவ்வாறே. ஆனால் இவ்வார்த்தைகள் யாரை நோக்கிக் கூறப்பட்டன என்பதைக் கவனித்தல் வேண்டும். தீர்க்கர் தம் சொந்த மக்களை, அதிலும் ஏழைகளை ஒடுக்கிச் சுகமாய் வாழ்ந்தோரை நோக்கிப் பேசினார். அயலானின் இடிந்த வீட்டைச் சுட்டி அவன் பாவத்தைக் கணக்கிட அவர் அதை ஆளவில்லை. 2 சாமுவேல் 24-இல் கொள்ளைநோய் மக்களை வாரிக்கொண்டபோது, தாவீது குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறான். இந்த ஆடுகள் என்ன செய்தன என்று வினவுகிறான். யோபின் நண்பர், ஏழு நாள் வாய் திறவாது அவனோடு தரையில் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பராகவே இருந்தனர். விளக்கம் கூறத் தொடங்கியபோதே தவறினர்.

லூக்கா 13-ஆம் அதிகாரம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பிலாத்துவின் கொடுமையால் மாண்ட கலிலேயரைப் பற்றிச் சிலர் கூற, சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் மாண்டதை ஆண்டவர் தாமே எடுத்துக் கூறுகிறார். ஒன்று ஆட்சியாளன் செய்த கொலை, மற்றொன்று விபத்து. இரண்டிலும் மாண்டோர் மற்றவரினும் பெரும் பாவிகளோ என வினவி, இல்லை என்று தாமே விடையளிக்கிறார். யோவான் 9-இல் பிறவிக் குருடனைக் கண்டு, பாவஞ்செய்தவன் யார் என்று சீடர் கேட்டபோதும் அதே மறுப்பு. அக்குருடன் கழுவிக்கொள்ள அனுப்பப்பட்ட குளமும் சீலோவாமே. எசேக்கியா அரசன் பாறையைக் குடைந்து, ஏறத்தாழ 530 மீட்டர் தொலைவு நீரைக் கொணர்ந்து நிரப்பிய குளம் அது. யார் பாவம் என்னும் வினா இருமுறை புறக்கணிக்கப்படுவதும், இருமுறையும் நகரின் நீர்நிலை ஒன்று குறிப்பிடப்படுவதும் தற்செயலாகவே இருக்கலாம். ஆயினும் நீர்நிலையண்டை நிற்போர் கேட்கத்தக்க வினா எது என்பதை அஃது நமக்கு நினைவூட்டுகிறது.

இல்லை என்று கூறிய ஆண்டவர் அத்துடன் நிற்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவரை நோக்கி மனந்திரும்புங்கள் என்கிறார். மாண்டோரின் பாவக்கணக்கை மூடிவிட்டு, உயிரோடிருப்போரின் கணக்கைத் திறக்கிறார். வெள்ளத்தைக் குறித்து மனந்திரும்புதல் என்றால் என்ன? இதற்கு விடை காண, நங்கநல்லூரில் பெய்த மழை எங்கே செல்கிறது என்பதை அறிய வேண்டும்.

ஆதம்பாக்கம் ஏரியின் உபரி நீரும் சுற்றுப்புறத்து மழைநீரும் வீராங்கல் ஓடை வழியே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சேர வேண்டும். ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீரை, பல ஏரிகளின் வழியாக, வாங்கி வைத்துக்கொள்ளும் நிலம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, முட்டுக்காட்டருகே கடலில் கலப்பதே அந்நீரின் பாதை. ஓடையின் கரைகள் நெருக்கப்பட்டன. 1960-களில் 5,000 எக்டேருக்கு மேல் பரந்திருந்த சதுப்பு நிலம், இன்று அதில் பத்தில் ஒரு பங்கு அளவிற்குச் சுருங்கிவிட்டது. எஞ்சியதன் ஒரு பகுதியில் நகரத்தின் குப்பை மலையாகக் கொட்டப்பட்டது. சாலைகளும் அலுவலகக் கட்டடங்களும் குடியிருப்புகளும் மற்றதைப் பகிர்ந்துகொண்டன. 2022-இல் அச்சதுப்பு நிலம் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்ததாக அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, நீர் தன் பழைய இடத்தையே தேடி வந்து பள்ளிக்கரணையிலும் மடிப்பாக்கத்திலும் நின்றது.

2015-ஆம் ஆண்டு வெள்ளத்தை ஆராய்ந்த இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை 2018-இல் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது மனிதரால் விளைந்த பேரிடர் என்பது அதன் முடிவு. இறையியலார் கூறத் தயங்கியதைத் தணிக்கையாளர் கூறினர். மழை மனிதர் செயலன்று; அம்மழைக்கு இடமில்லாமற் போனது மனிதர் செயல். நம்முள் பலரும், நம் நிறுவனங்கள் சிலவும், ஏரியென்றும் புறம்போக்கென்றும் இருந்த நிலத்தின்மேல் நிற்கும் வீடுகளிலும் கட்டடங்களிலுமே இதைப் படிக்கிறோம் என்பதையும் இங்குச் சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

நோயின் வரலாறும் இதனோடு பிணைந்ததே. வாந்திபேதி என நம் முன்னோர் அஞ்சிய காலரா, கழிவு கலந்த நீரால் பரவுவது. ஓ1 வகைக் கிருமி மட்டுமே கொள்ளைநோயாய்ப் பரவும் என உலகம் நம்பியிருந்த காலத்தில், 1992-இன் இறுதியில் சென்னையில் புதிய வகையொன்று தோன்றி, பின்னர் கல்கத்தாவிற்கும் வங்காளதேசத்திற்கும் பரவியது. ஓ139 என அதற்குப் பெயரிட்டனர். பழைய நோயைத் தாங்கிப் பெற்ற எதிர்ப்பாற்றல் புதியதற்கு உதவாமையால் பெரியோரும் திரளாக நோயுற்றனர்.

காலராவைப் பற்றிய அறிவில் ஓர் ஆயருக்குள்ள பங்கு நம் இறையியல் மாணவர்க்குப் போதிய அளவு கூறப்படுவதில்லை என எண்ணுகிறோம். 1854-இல் இலண்டன் சோகோ பகுதியில் சில வாரங்களுக்குள் 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பிராட் தெருவின் குழாய்க் கிணற்று நீரே காரணம் என ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் கூறினார். அத்திருச்சபை வட்டத்தின் உதவிக் குருவான ஹென்றி ஒயிட்ஹெட் இதை நம்பவில்லை. தம் மக்களைத் தாம் அறிவோம் என்னும் துணிவில், மருத்துவர் கூற்று பிழையென நிறுவ வீடு வீடாகச் சென்றார். யார் எந்நீரைக் குடித்தனர் எனத் துக்க வீடுகளில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டார். ஒரு வீட்டிற்கு நான்கு ஐந்து முறையும் சென்றார். இறுதியில் மருத்துவர் கூறியதே மெய்யெனக் கண்டு, அதை வெளிப்படையாய் ஒப்புக்கொண்டார். அக்கிணற்றையடுத்த 40-ஆம் எண் வீட்டில் ஒரு கைக்குழந்தை முதலில் நோயுற்றதையும், அதன் துணிகளை அலசிய நீர் கிணற்றருகேயிருந்த மலக்குழியில் ஊற்றப்பட்டதையும் கண்டறிந்தவர் அவரே. மருத்துவரிடம் வரைபடம் இருந்தது. ஆயரிடம் வீடுகளின் கதவுகள் திறந்தன. மேய்ப்புப் பணிக்காகச் செல்லும் அதே சந்திப்பில்தான் அவ்வுண்மை கிடைத்தது.

நங்கநல்லூரிலும் இதற்கு ஒப்பானதொன்று நடந்ததுண்டு. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணையும் வரை அவ்வூர் ஆலந்தூர் நகராட்சியைச் சேர்ந்தது. பாதாளச் சாக்கடை இல்லாமையால் வீடுதோறும் மலக்குழிகளே இருந்தன. மழைக்காலத்தில் அவை நிரம்பி வழியும். 1990-களின் இறுதியில் நகராட்சி, பாதாளச் சாக்கடைத் திட்டத்திற்காக வீடொன்றுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டது. மண்ணுக்கடியில் மறையப்போகும் குழாய்க்கு, ஒரு குழி தோண்டுமுன்னரே குடியிருப்போர் பணம் செலுத்தினர். அண்டை வீட்டாரின் குடல்நலம் தம் நலமே என்பதைப் பல்லாயிரம் இல்லத்தார் இவ்வாறு ஒப்புக்கொண்டதைச் சிறு செய்தியாக நாம் கருதவில்லை.

2015 வெள்ளத்தின் பின் பெருங்கொள்ளைநோய் மூளும் என அனைவரும் அஞ்சினர், அவ்வாறு மூளவில்லை. பல ஆலயங்களில் இதற்காக நன்றி செலுத்தப்பட்டது, தக்கதே. ஆயினும் அந்நன்றியில் விடுபட்டோர் உளர். பிற மாவட்டங்களினின்று ஆயிரக்கணக்கில் கொணரப்பட்ட தூய்மைப் பணியாளர், அழுகிய குப்பையையும் செத்த விலங்குகளையும் அள்ளினர். பலருக்குக் கையுறையும் காலணியும் போதிய அளவில் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். தமிழகத் திருச்சபைகளில் மிகப் பலர் எச்சமுதாயங்களினின்று வந்தனரோ, அச்சமுதாயத்தார். வெள்ளம் யாவர்க்கும் பொதுவென்று கூறுவது மழையளவில் மெய். அள்ளும் கைகள் பொதுவாக இருக்கவில்லை.

கொள்ளைநோய்க் காலத்தில் ஆயரின் கடமை யாது என்பது சீர்திருத்தச் சபைகளுக்குப் பழைய வினா. 1527-இல் விட்டன்பர்க் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, பிரெசுலாவு நகரக் குருவானவர் ஜான் ஹெஸ்ஸுக்கு மார்ட்டின் லூத்தர் இது பற்றி விரிவாக எழுதினார். குருவும் மருத்துவரும் அதிகாரியும் தம் இடத்தை விட்டு ஓடலாகாது. பிறர், அயலாரைக் கவனிக்க ஆளிருந்தால் செல்லலாம் என்றார். மருந்தை ஏற்கவும், வீட்டைப் புகையிட்டுத் தூய்மைசெய்யவும், தேவையற்ற இடங்களைத் தவிர்க்கவும் அறிவுறுத்தினார். விசுவாசத்தின் பெயரால் இவற்றை இகழ்ந்து நோயைப் பிறர்க்குத் தருவோரைக் கொலைஞருக்கு ஒப்பிட்டார். தாம் ஊரை விட்டு அகலாமல், தம் வீட்டில் நோயாளரை ஏற்றார். 2020-இல் ஆலயக் கதவுகளை மூடுவது விசுவாசக் குறைவோ என நம்முள் நடந்த வாக்குவாதங்களில் இக்கடிதம் நினைவுகூரப்பட்டிருந்தால் பல வீண் சொற்கள் குறைந்திருக்கும்.

அவ்வாண்டு ஏப்ரலில், கொரோனாவால் மாண்ட கிறிஸ்தவ மருத்துவர் ஒருவரை அடக்கம்செய்ய முயன்றபோது, திரண்டோர் கல்லெறிந்து தடுத்தனர். உடல் நள்ளிரவில் புதைக்கப்பட்டது. அதன்பின் அரசு அத்தகைய தடுப்பைக் குற்றமாக்கி அவசரச் சட்டம் இயற்றியது. கல்லெறிந்தோர் கொடியவர் என்பதினும் அஞ்சியவர் என்பதே பொருந்தும். உடலினின்று நோய் எவ்வளவு பரவும், எவ்வளவு பரவாது என்பதை அவர்கள் நம்பும் ஒருவர் முன்னரே எடுத்துக் கூறியிருக்க வேண்டும்.

மேலே குறித்த பக்கிங்காம் கால்வாய்க்கும் ஒரு வரலாறு உண்டு. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சத்தில், பட்டினியாலும் அதனோடு வந்த காலராவாலும் ஐம்பது இலட்சத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்ப் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டு, அந்நாளைய ஆளுநரின் பெயரைப் பெற்றது. வடக்கே ஓங்கோலில் ஜான் கிளவ் என்னும் பாப்திஸ்து அருட்பணியாளர், அக்கால்வாயில் ஏறத்தாழ மூன்று மைல் தோண்டும் ஒப்பந்தத்தைத் தாமே ஏற்று, பசித்தோர்க்குக் கூலி வேலை அளித்தார். உணவிற்காக மதம் மாறினர் என்னும் பழிக்கு இடமளியாமல், பஞ்ச உதவி நடந்த காலமெல்லாம் திருமுழுக்கை நிறுத்திவைத்தார். உதவி முடிந்தபின், 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றனர். அவ்வெண்ணைப் பெருமையாய்க் கூறும் நம் நூல்கள், அதற்கு முன் ஓராண்டுக்கும் மேலாக அவர் காத்திருந்ததைச் சுருக்கமாகவே கூறுகின்றன.

பசித்தோர் வெட்டிய அக்கால்வாயின் நகரப் பகுதியில் இன்று பறக்கும் இரயிலின் தூண்கள் நிற்கின்றன. 2015 வெள்ளத்தின் பின், அடையாற்றங்கரையில் குடிசைகளில் வாழ்ந்த பல்லாயிரம் குடும்பங்கள் ஆக்கிரமிப்பாளர் எனப் பெயர் பெற்று, பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. அக்குடியிருப்புகள் பள்ளிக்கரணைச் சதுப்பின் தென்விளிம்பில் உள்ளன. 2023 டிசம்பரில் அங்கும் நீர் சூழ்ந்தது. ஆற்றங்கரையில் இருந்த நாளில் அக்குடும்பங்களில் சில, நகரத்துச் சபைகளின் பதிவேடுகளில் இருந்தன. இடம் பெயர்ந்தபின் அப்பெயர்கள் எச்சபையின் பதிவேட்டில் உள்ளன என்பதை, நம் ஆயர்கள் தத்தம் ஏட்டைத் திறந்து பார்த்தல் வேண்டும்.