பெட்டகத்துக்குள் போன கைப்பேசி

டச்சு மொழியில் வீட்டைக் குறிக்கும் சொல்லும் பெட்டகத்தைக் குறிக்கும் சொல்லும் இறுதியில் ஒன்றுபோல் ஒலிப்பவை. அவ்விரண்டையும் இணைத்து, ‘வீட்டில் இருக்கட்டும், இல்லையேல் பெட்டகத்தில் இருக்கட்டும்’ என்ற பொருள்பட நெதர்லாந்துப் பள்ளிகள் ஒரு வாசகம் அமைத்துக்கொண்டன. வங்கியில் நகைகளை வைத்துப் பூட்டும் பெட்டகத்துக்கும் அங்கே அதே சொல்தான். இப்போது பள்ளிப் பிள்ளைகளின் கைப்பேசியும் பெட்டகத்துக்குள் போகிறது.

2024 ஜனவரி 1 முதல் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளி வகுப்பறைகளில் கைப்பேசி, டேப்லட், ஸ்மார்ட் வாட்ச் ஆகியவற்றுக்கு இடமில்லை. அடுத்த கல்வியாண்டில் தொடக்கப் பள்ளிகளும் இவ்வழிக்கு வந்தன. பிரான்சு 2018-லும் பிரேசில் 2025-லும் சட்டம் இயற்றியே இதைச் செய்தன. நெதர்லாந்திலோ அமைச்சகமும் பள்ளிகளும் ஆசிரியர், பெற்றோர், மாணவர் அமைப்புகளும் கலந்து பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். நோயின் பொருட்டோ உடற்குறையின் பொருட்டோ கருவி தேவைப்படும் பிள்ளைக்கு விலக்கு உண்டு. செவித்துணைக் கருவியைக் கைப்பேசியுடன் இணைத்திருக்கும் பிள்ளையிடமிருந்து அதைப் பறிப்பது கொடுமையன்றோ!

திருக்கோயில் செல்லும் அன்பர்களுக்கு இத்தகைய ஏற்பாடு புதிதன்று. திருச்செந்தூர்த் திருக்கோயில் தொடர்பான வழக்கில், தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யுமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. கைப்பேசியை ஒப்படைத்து டோக்கன் பெற்றுக்கொண்டு உள்ளே சென்றவர்கள், முதற்சில நிமிடங்கள் தம் கை எதையோ தேடுவதை உணர்ந்திருப்பார்கள். பழுத்த வயதினருக்கே இந்நிலை என்றால், பதின்மூன்று வயதுப் பிள்ளையைக் குறை கூறி என்ன பயன்?

கவனம் சிதறிய மாணவர் மீண்டும் பாடத்தில் முழுமையாக ஒன்றுவதற்கு 20 நிமிடங்கள் வரை ஆகலாம் என்று யுனெஸ்கோ 2023-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பாட வேளை முக்கால் மணி நேரம் என்று கொண்டால், சட்டைப்பையில் இருமுறை ஒலி எழுந்தாலே அந்தப் பாடவேளை கரைந்துவிடும்.

தடையால் விளைந்தது என்ன? 2025-இல் வெளியான ஆய்வு ஒன்றுக்காக நெதர்லாந்தின் 317 உயர்நிலைப் பள்ளிகளிடம் கருத்துக் கேட்கப்பட்டது. மாணவரின் கவனம் கூடியிருக்கிறது என்று நான்கில் மூன்று பங்குப் பள்ளிகள் கூறின. பள்ளியின் பழகுசூழல் மேம்பட்டிருக்கிறது என்றவை பாதிக்கும் மேல். மதிப்பெண் உயர்ந்தது என்று சொன்னவை மட்டும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்குள் நின்றன. இவை பள்ளியினர் கண்டுரைத்த கருத்துகள். தேர்வுத்தாளைக் கொண்டு அளந்தவை அல்ல என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

தேர்வு முடிவுகளைக் கொண்டு அளந்த ஆய்வு ஒன்று 2015-இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. நான்கு நகரங்களைச் சேர்ந்த 91 பள்ளிகளை எடுத்துக்கொண்ட அவ்வாய்வில், தடைக்குப் பின் மிகுதியாகப் பயனடைந்தவர்கள் படிப்பில் பின்தங்கிய மாணவர்களே. முன்னணி மாணவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. சுவீடனில் பின்னர் நிகழ்ந்த ஆய்வில் இத்தகைய பயன் காணப்படவில்லை என்பதால் இதை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. எனினும் அந்த முடிவு எண்ணிப் பார்க்கத்தக்கது. வகுப்பில் தவறவிட்டதைக் கெட்டிக்காரப் பிள்ளை தானே படித்து ஈடுசெய்துகொள்ளும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் இருக்கும். இவ்விரண்டும் இல்லாத பிள்ளைக்கு ஆசிரியர் எதிரே நிற்கும் அந்த ஒரு மணி நேரந்தான் கையிலுள்ள முதல். அது வட்டியோடு கரைவதைத் தடுப்பதற்காகவேனும் கைப்பேசியை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது தகும்.

ஆனால் மனநலம்? பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பள்ளிகளைச் சேர்ந்த 1,227 மாணவர்களை ஆராய்ந்து 2025-இல் அறிக்கை அளித்தனர். தடை செய்த பள்ளி, தடை செய்யாத பள்ளி என்ற வேறுபாடு மாணவரின் மனநலத்தில் தெரியவில்லை. அதே ஆய்வில், கைப்பேசியில் அதிக நேரம் செலவிடும் மாணவரிடம் மனநலக் குறைவும் உறக்கக் குறைவும் காணப்பட்டன. முரண்போல் தோன்றும் இதற்கு விடை கடினமன்று. தடை செய்த பள்ளிகளில் பள்ளி நேரத்துப் பயன்பாடு குறைந்தது. நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் குறையவில்லை. பள்ளி மணி அடித்ததும் பெட்டகம் திறந்துவிடுகிறது. அதற்கு மேல் உறங்கும்வரை உள்ள நேரம் வீட்டுக்குரியது.

நெதர்லாந்து அரசும் இதை உணர்ந்திருக்கிறது போலும். 2025 ஜூனில் அது பெற்றோருக்கு அறிவுரை ஒன்றை வழங்கியது. டிக்டாக், இன்ஸ்டாகிராம் போன்றவற்றைப் பிள்ளைகளுக்குப் பதினைந்து வயதுவரை தர வேண்டாம். படுக்கையறைக்குள் திரைகள் வேண்டாம் என்பன அதன் சாரம். இது சட்டமன்று, மீறினால் தண்டமும் இல்லை. பெற்றோர் பணியிலிருந்து திரும்பும்வரை பல வீடுகளில் இதைக் காக்க வேண்டிய பொறுப்பு தாத்தா பாட்டியின் தலையில்தான் விழும். பேரன் கேட்டால் தம் கைப்பேசியையே எடுத்து நீட்டிவிடும் தாத்தாக்கள் இதில் கொஞ்சம் தடுமாறக்கூடும். அதிகாலையில் சுப்ரபாதம் கேட்பதற்காகத் தலையணை அருகே பாட்டி வைத்திருக்கும் கைப்பேசியும் படுக்கையறைக் கணக்கில் சேருமா என்ற கேள்வியைப் பேத்தி எழுப்பாமல் இருக்கமாட்டாள்.