மாவாகவும் கூடாது, முழுசாகவும் கூடாது! - மகன் வீட்டு கராஜில் ஒரு குட்டி மில்

"அம்மா, உன் மிக்ஸியைக் கொஞ்ச நேரம் எடுத்துக்கவா?"

அமெரிக்காவின் போர்ட்லேண்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போன இரண்டாவது வாரம், ஒரு சனிக்கிழமை காலையில் இப்படிக் கேட்டான். 110 வோல்ட்டில் ஓடுகிற மாதிரி சென்னையில் தேடி வாங்கி, துணிகளுக்கு நடுவே பொத்திப் பொத்திக் கொண்டுபோன மிக்ஸி அது. சட்னி அரைக்கப் போகிறானாக்கும் என்று பெருமையாகக் கொடுத்துவிட்டேன்.

அரை மணி நேரம் கழித்து கராஜில் எட்டிப்பார்த்தால், 25 கிலோ மூட்டை ஒன்று பிரித்துக் கிடக்கிறது. உள்ளே நெல் மாதிரி, ஆனால் கொஞ்சம் குண்டான தானியம். அதைக் கைப்பிடி கைப்பிடியாக மிக்ஸியில் போட்டு அரைத்துக்கொண்டிருந்தான். "பார்லிம்மா. பீர் போடப்போறேன்" என்றான், ஏதோ ரசம் வைக்கப்போகிறேன் என்பதுபோல.

எனக்கு பெரியண்ணன் ஒருவர் இருந்தார். 44 வயதில் போய்விட்டார். ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொன்னோம். உண்மையான காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்ணி அதற்குப் பிறகு பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் மகன் சொன்னதைக் கேட்டதும் பதிலே சொல்லாமல் உள்ளே வந்துவிட்டேன்.

மத்தியானம் அவனே வந்து கூப்பிட்டான். முகம் தொங்கிப்போயிருந்தது. "என்னமோ ஆயிடுச்சும்மா. தண்ணி இறங்கவே மாட்டேங்குது."

உமி இருந்தால்தான் வடியும்

பிக்னிக்குக்கு எடுத்துப்போகிற பெரிய ஐஸ் பெட்டிக்கு அடியில் குழாய் வைத்து, உள்ளே சல்லடைத் தட்டு போட்டிருந்தான். அதில் வெந்நீரும் அரைத்த பார்லியும். குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு வரவில்லை. கரண்டியை விட்டுப் பார்த்தேன். "என்னடா இது, களி கிண்டி வெச்சிருக்கே!"

கோபத்தில்தான் சொன்னேன். ஆனால் அதுதான் உண்மை. மாவு முழுக்க வெந்நீரில் இளகி, தட்டின் ஓட்டைகளை அடைத்துவிட்டது.

அன்று உட்கார்ந்து அவனிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பார்லியை ஊறவைத்து, முளைவிடச் செய்து, சூடான காற்றில் உலர்த்தினால் அது மால்ட். நம் வீட்டில் குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்துத் திரிக்கிறோமே, ஏறக்குறைய அதே வேலைதான். முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் உண்டாகின்றன. 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறினால், அவை மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிவிடும். அந்தச் சர்க்கரைத் தண்ணீரை வடித்து, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் பீர்.

இதில் சிக்கல் வடிக்கும் இடத்தில். தானியம் உடையாவிட்டால் உள்ளே இருக்கும் மாவுச்சத்தைத் தண்ணீர் தொடாது, சர்க்கரை கிடைக்காது. மாவாகிவிட்டால் களி. உள்ளே இருப்பது ரவையாக நொறுங்க வேண்டும். மேலே இருக்கும் உமி கிழியாமல் முழுசாக இருக்க வேண்டும். ஏனென்றால் அந்த உமிதான் பெட்டிக்கு அடியில் மெத்தை மாதிரி படிந்து வடிகட்டியாக வேலை செய்கிறது.

"இதை நீ அரைக்கக் கூடாதுடா, உடைக்கணும்" என்றேன். அவனுக்கு இரண்டும் ஒன்று. ஆங்கிலம் பேசிப் பேசி எல்லாமே 'கிரைண்ட்' ஆகிவிட்டது. நமக்கு அப்படியா? நெல்லைக் குத்துவோம், மிளகாயை இடிப்போம், உளுந்தை உடைப்போம், மாவைத் திரிப்போம், சட்னியை அரைப்போம். ஒவ்வொன்றுக்கும் பதம் வேறு, கருவியும் வேறு. என் அம்மா உளுந்து உடைக்கிற திருகைதான் அவனுக்குத் தேவைப்பட்டது. அதை விமானத்தில் எப்படிக் கொண்டுவர?

உருளைக்கு நடுவே ஒரு மில்லிமீட்டர்

இதுவரை கடையிலேயே உடைத்த மால்ட்டை வாங்கிக்கொண்டிருந்தானாம். மூட்டையாக வாங்கினால் விலை குறைவு என்று இந்த முறை முழுத் தானியமாக வாங்கிவிட்டான். விலை மட்டுமல்ல, உடைத்த மால்ட் சில வாரங்களிலேயே மணம் இழக்கும். முழுசாக, ஈரம் படாமல் மூடி வைத்தால் ஒரு வருடம்கூட இருக்கும். சாம்பார் பொடி திரித்து வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அமெரிக்கர் ஒரு கை மில் கொடுத்தார். மேஜை விளிம்பில் திருகிப் பொருத்திக் கையால் சுற்றுவது. பெயர் 'கொரோனா' (வைரஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!). கொலம்பியாவில் மக்காச்சோளம் அரைக்கச் செய்தது. வீட்டில் பீர் போடுகிற அமெரிக்கர்கள் பல வருடங்களாக இதைப் பார்லிக்கும் பயன்படுத்துகிறார்கள். இரண்டு தகடுகள் உரசுவதால் கொஞ்சம் மாவு விழத்தான் செய்யும்.

பிறகு மகன் தனக்கென்று ஓர் உருளை மில் வாங்கினான். பக்கெட் மேல் உட்காரும் சின்ன இயந்திரம். இரண்டு எஃகு உருளைகள், மேலே தானியம் கொட்ட ஒரு பெட்டி. கைப்பிடிக்குப் பதில் சுவரில் ஓட்டை போடும் டிரில்லை மாட்டி, மெதுவாகச் சுற்றவிட்டான். வேகமாகச் சுற்றினால் உமி கிழிந்துவிடும்.

முக்கியம், உருளைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி. சுமார் ஒரு மில்லிமீட்டர்! கிரெடிட் கார்டின் தடிமனே முக்கால் மில்லிமீட்டர்தான். இதை அளக்க, மெக்கானிக்குகள் பிளக் இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகளை வைத்திருக்கிறான். முதல் கைப்பிடியை என் உள்ளங்கையில் கொட்டினான். விரலால் தேய்த்துப் பார்த்தேன். முழுத் தானியம் நிறைய இருந்தது. "இன்னும் நெருக்கு." இரண்டாவது தடவை ரவை வந்தது, உமியும் நொறுங்கியிருந்தது. "கொஞ்சம் தளர்த்து." மூன்றாவதில் பதம் வந்தது: உமி தோணி மாதிரி முழுசாக, உள்ளே குருணை, விரலில் ஒட்டுகிற அளவுக்கு மட்டும் மாவு.

"தண்ணி தெளிச்சுப் பிசறி வெச்சா உமி உடையாதுடா. இடிக்கிறதுக்கு முன்னாடி நாங்க செய்வோமே" என்றேன். இணையத்தில் தேடினான். பீர் செய்பவர்கள் அதையும் செய்கிறார்கள்! கிலோவுக்கு 20 மில்லி அளவுக்குத் தண்ணீர் தெளித்துச் சில நிமிடங்கள் விட்டால் போதும். கூடினால் உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

ஐந்து கிலோ உடைக்க ஐந்தாறு நிமிடங்கள். கராஜ் கதவைத் திறந்துவைத்து, முகக்கவசம் போட்டுத்தான் உடைக்கச் சொன்னேன். தூசு மூக்கில் ஏறும் என்பதற்காக. அவன் சொன்ன காரணம் வேறு: தானியத்தின் மேல் புளிக்கவைக்கும் பாக்டீரியா இருக்கும், அந்தத் தூசு ஏற்கெனவே நொதிக்கிற பீரில் விழுந்தால் புளித்துவிடுமாம்.

கோதுமை சேர்த்துப் போடும் நாளில் இன்னொரு வேடிக்கை. கோதுமைக்கு உமி கிடையாது, வடியாது. அதற்காகக் கடையில் நெல் உமியைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். உமிக்கரியில் பல் தேய்த்து வளர்ந்தவள் நான், உமிக்கு டாலர் கொடுக்கிற மகனைப் பெற்றிருக்கிறேன்.

ஹார்லிக்ஸ் வாசனை

அன்று குழாயைத் திறந்ததும் முதலில் கலங்கலாக வந்தது. அதை மறுபடி மேலே ஊற்றச் சொன்னேன். சில நிமிடங்களில் தேன் நிறத்தில் தெளிந்து இறங்கியது. ஈஸ்ட் சேர்க்காத அந்த நீரில் போதை கிடையாது. ஒரு ஸ்பூன் வாயில் விட்டதும் சிரித்துவிட்டேன். ஹார்லிக்ஸ்! காரணமில்லாமல் இல்லை. 1883-ல் ஹார்லிக் சகோதரர்கள் இதே அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற அந்த பானமும் பார்லி மால்ட்டில் செய்ததுதான்.

வடித்தபின் மிஞ்சிய சக்கையில் அடை தட்டிப் பார்த்தேன். பல்லிடுக்கெல்லாம் உமி. பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டோம்.

நம் ஊரில் யாரும் இதைப் படித்துவிட்டு முயற்சி செய்ய வேண்டாம். தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். அமெரிக்காவிலும் மதுவிலக்கு 1933-ல் நீங்கிய பிறகுகூட வீட்டில் பீர் போட அனுமதி இல்லாமல்தான் இருந்தது. 1978-ல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் வழிவிட்டது. பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு வருடத்துக்கு 200 கேலன் வரை போடலாம், விற்கக் கூடாது. 200 கேலன் என்றால் சுமார் 757 லிட்டர்! கணக்குப் போட்டபோது எனக்கு மறுபடி அண்ணன் ஞாபகம்.

அன்று இரவு கேட்டேவிட்டேன். "உன் மாமா எப்படிப் போனார்னு தெரியும்ல?"

"தெரியும்மா. அதனாலதான் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் போடுறேன். பாதி ஆபீஸ்ல கொடுத்துடுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "குடிக்கிறதைவிட செய்யறதுதான் பிடிச்சிருக்கு. நம்பலைன்னா எண்ணிக்கோ" என்றான்.

நம்பினேன் என்று சொல்ல மாட்டேன். மருமகளிடம் தனியாகக் கேட்டேன். அவளும் அதையேதான் சொன்னாள். கிளம்புவதற்கு முதல்நாள் கராஜில் போய் பாட்டில்களை எண்ணி ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். நாற்பத்தொன்று.

ஊர் திரும்பி நான்கு மாதங்கள் ஆகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம். அவன் உள்ளங்கையில் உடைத்த பார்லி. "பதம் சரியாம்மா?"

விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். "ரெண்டு மூணு முழுசா இருக்கு. இன்னும் ஒரு நூல் நெருக்கு" என்று பதில் போட்டேன். கீழேயே இன்னொன்றும் கேட்டேன்: "நாற்பத்தொண்ணுல எத்தனை மிச்சம் இருக்கு?"

"இருபத்தேழு."

தாளை எடுத்து எழுதி வைத்திருக்கிறேன்.