பேர் போடும் நேரம்

கரியாலூரில் சினிமா தியேட்டர் கிடையாது. கல்வராயன் மலையில் இருப்பவர்கள் புதுப்படத்தைப் பெரிய திரையில் பார்க்க வேண்டுமென்றால் வளைவு வளைவாக மலை இறங்கி, கோமுகி அணையும் கச்சிராயபாளையமும் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்கு வர வேண்டும். பஸ் கொஞ்சம் தாமதித்தால் படம் ஓடத் தொடங்கியிருக்கும். அப்போது வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்கிற கேள்வி தமிழ்நாடு முழுக்க ஒன்றேதான்: “பேர் போட்டாச்சா?” “இப்பத்தான் போடுது” என்று பதில் வந்தால் நிம்மதி. படத்தில் இன்னும் ஒன்றும் போய்விடவில்லை என்பது நம் கணக்கு.

நல்ல இயக்குநர்களின் படங்களில் அந்தக் கணக்கு தப்பு. பேர் போடும் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் படத்தின் பாதி வேலையை முடித்துவிடுகிறவர்கள் அவர்கள்.

நாம் மட்டும் இப்படி அலட்சியமாக இருந்ததில்லை. அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் பெயர்ப் பட்டியல் ஓடும்போது திரைச்சீலை மூடியே இருக்கும். கூட்டம் உட்கார்ந்து முடித்த பிறகுதான் சீலையை விலக்குவார்கள். 1955-ல் ஓட்டோ பிரெமிங்கர் இயக்கிய ‘தி மேன் வித் த கோல்டன் ஆர்ம்’ படத்தின் பெட்டிகள் தியேட்டர்களுக்குப் போனபோது, ஆபரேட்டர்களுக்கு ஒரு குறிப்பும் கூடவே போனது: டைட்டிலுக்கு முன்பே சீலையை விலக்குங்கள். அந்த டைட்டிலைச் செய்தவர் சால் பாஸ் என்ற வரைகலைஞர். போதைக்கு அடிமையான ஒருவனின் கதை அது. கறுப்புத் திரையில் வெறும் வெள்ளைப் பட்டைகள் வந்து குத்தி நிற்கும், ஒன்றோடொன்று மோதும், கடைசியில் முறுக்கிக்கொண்ட ஒரு கை ஆகும். ஊசி ஏறுகிற கை. நடிகர் முகம் ஒன்றுகூட வராமல், என்ன மாதிரியான படத்துக்குள் நுழைகிறோம் என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். டைட்டிலின் முதல் கடமை அதுதான்: இந்தப் படத்தை எந்தக் கண்ணால் பார்க்க வேண்டும், எந்தக் காதால் கேட்க வேண்டும் என்று பழக்கிவிடுவது. கதையை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

இதில் நமக்குப் பாடம் எடுக்க யாரும் வெளியூரிலிருந்து வரவேண்டியதில்லை. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. முதலில் மத்தளமும் தாளமும் முகவீணையும் ஆர்மோனியமும் சேர்ந்து ஊரையே எழுப்புகிற மேளக்கட்டு. பிறகு கடவுள் வணக்கம். கட்டியங்காரன் வந்து சிரிக்க வைப்பான். அதன்பின் இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதற்குக் கீழே சலங்கை கட்டிய கால்கள், மேலே கிரீடத்தின் முனை. உள்ளிருந்து வேஷக்காரர் தான் யார், எந்த நாட்டு ராஜா, என்ன பராக்கிரமம் என்று பாடுவார். துரியோதனன்தான் வரப்போகிறான் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் துணியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆளைக் காட்டாமல் பெயரை மட்டும் முதலில் அனுப்பி, கூட்டத்தைக் காக்க வைப்பது கூத்தின் தந்திரம்.

அதே தந்திரம் சினிமாவில் மிகச் சரியாக வேலை செய்த இடம் ‘அண்ணாமலை’. 1992-ல் கவிதாலயா தயாரிப்பில் சுரேஷ் கிருஷ்ணா இயக்கிய படம். கறுப்புத் திரையில் நீலப் புள்ளிகள் சேர்ந்து ஓர் எழுத்து, பிறகு அடுத்தது. ஆங்கிலத்தில் ‘சூப்பர் ஸ்டார்’ என்பதற்கு ஒன்பது எழுத்து, அதன்பின் ‘ரஜினி’க்கு ஐந்து. பின்னணியில் தேவாவின் இசையும் ‘ஹே’ என்ற கூட்டுக் குரலும். ஜேம்ஸ் பாண்ட் படங்களின் டைட்டிலுக்கு நிகராக ஒன்று வேண்டும் என்பதுதான் சுரேஷ் கிருஷ்ணாவின் ஆசை. பாண்ட் பட டைட்டிலும் புள்ளியில் ஆரம்பிப்பதுதான்: 1962-ல் வந்த ‘டாக்டர் நோ’வுக்காக மாரிஸ் பைண்டர் உருவாக்கிய துப்பாக்கிக் குழல் காட்சியில் வெள்ளை வட்டங்கள் திரையின் குறுக்கே நகர்ந்து, குழலின் வாயாக மாறும்.

இந்தப் புள்ளி எழுத்துகள் இவ்வளவு ஆண்டு தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அவற்றின் வேகம் என்று நினைக்கிறேன். பெயர் ஒரே அடியாக வந்திருந்தால் ஒரு விசிலோடு முடிந்திருக்கும். எழுத்து எழுத்தாக வருவதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விசிலுக்கு இடம் கிடைக்கிறது. முதல் எழுத்து விழுந்த உடனேயே மீதி பதின்மூன்றும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடைசிப் புள்ளி விழும்வரை கத்திக்கொண்டே இருப்பார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவருக்கும் அது பெயராகத் தெரியாவிட்டாலும் உருவமாகத் தெரியும். 2010-ல் ‘தமிழ்ப் படம்’ இந்த டைட்டிலை நையாண்டி செய்தபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

ஆனால் ஒரு குறையும் உண்டு. இந்த மாதிரி டைட்டில் யார் நடித்த படம் என்று சொல்லும். என்ன படம் என்று சொல்லாது. பால்காரன் கதைக்கும் பேய்க் கதைக்கும் அதே முத்திரைதான். பட்டப்பெயரை வைத்தே டைட்டிலை ஓட்டுகிற பழக்கத்தில் நட்சத்திரங்களே கொஞ்சம் சலித்துவிட்டார்கள் போலும். ‘தல’ என்று அழைக்க வேண்டாமென்று 2021-ல் அஜித்தும், ‘உலகநாயகன்’ வேண்டாமென்று 2024 நவம்பரில் கமல்ஹாசனும், ‘லேடி சூப்பர் ஸ்டார்’ வேண்டாமென்று 2025 மார்ச்சில் நயன்தாராவும் கேட்டுக்கொண்டார்கள்.

எழுத்துக்கு வருவோம். கம்ப்யூட்டருக்கு முன்னால் டைட்டில் என்பது ஓவியர் வேலை. கறுப்பு அட்டையில் வெள்ளைப் பெயின்டால் பெயர்களை எழுதி, அட்டையை அசையாமல் வைத்து, நேர் எதிரே காமிராவை நிறுத்திப் படம்பிடிப்பார்கள். பின்னணியில் காட்சி ஓட, மேலே பெயர் வர வேண்டுமானால் இரண்டு படச்சுருளையும் ஆப்டிகல் பிரின்டரில் ஒன்றாக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது மூல நெகட்டிவிலிருந்து நகல், நகலிலிருந்து இன்னொரு நகல் என்று போவதால் படத்தின் துல்லியம் குறையும், மணல் தூவியது போலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். பழைய படம் டிவியில் வரும்போது கவனித்துப் பாருங்கள்: பெயர் ஓடுகிறவரை காட்சி கொஞ்சம் மங்கலாக இருக்கும். ‘டைரக்‌ஷன்’ கார்டு மறைந்து அடுத்த ஷாட் வந்ததும் யாரோ கண்ணாடியைத் துடைத்துவிட்டாற்போல் பளிச்சென்று ஆகும். இந்தத் தொல்லையே வேண்டாமென்று ஓவியத்தின் மீதும், அசையாத படத்தின் மீதும் பெயர் போட்டு முடித்துக்கொண்டவர்கள் உண்டு.

தமிழ் எழுத்துக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. புள்ளி. வானத்தின் மேலோ, வெள்ளைச் சட்டைக்காரர் மேலோ பெயரைப் போட்டால் முதலில் காணாமல் போவது அதுதான். ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் இடையில் இருப்பது ஒரு சுழி, எழுத்து சின்னதாகி, பின்னணியும் அசைந்தால் அதுவும் கலங்கிவிடும். அதனால் கைதேர்ந்தவர்கள் எழுத்துக்குக் கறுப்பு ஓரம் கட்டுவார்கள், அல்லது சட்டகத்தில் இருட்டான மூலையைத் தேடி அங்கே பெயரை உட்கார வைப்பார்கள். காட்சியை எடுக்கும்போதே பெயருக்கு இடம் விட்டு எடுப்பது இன்னும் நல்லது. அதைச் செய்கிறவர்கள் குறைவு.

நேரமும் ஒரு கணக்கு. நொடிக்கு 24 சட்டகம் என்ற வேகத்தில் மூன்று நொடி நிற்கும் ஒரு பெயருக்கு 72 சட்டகம் வேண்டும். ஒரு பெயரை நிதானமாக வாசித்து முடிக்க அது போதும். கதாநாயகனுக்கு ஐந்து நொடியும், இருபது உதவியாளர்களுக்குச் சேர்த்து இரண்டு நொடியும் கொடுக்கிற டைட்டில்களைப் பார்க்கும்போது, அந்த இருபது பேரில் ஒருவனின் அம்மா அப்பா எந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருப்பார்களோ என்று எனக்குத் தோன்றும்.

பாட்டோடு பெயர் போடுவது நம் ஊர் வழக்கம். அதில் சோம்பேறித்தனமும் உண்டு, சாமர்த்தியமும் உண்டு. ‘கரகாட்டக்காரன்’ 1989-ல் வந்தபோது டைட்டிலில் இளையராஜாவின் குரல் கேட்டதுமே படத்தின் மண் எதுவென்று தெரிந்தது. பாரதிராஜா தன் குரலிலேயே ஜனங்களை விளித்துப் பேசிவிட்டுத்தான் கதையைத் தொடங்குவார். முகம் காட்டாத குரல் ஒன்று முதலில் வந்து நம்மைத் திண்ணையில் உட்கார்த்திவிடுகிறது. இந்த வகையில் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டால் என் ஓட்டு ‘மைக்கேல் மதன காமராஜ’னுக்கு. 1990-ல் சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கியது. ஒரே பிரசவத்தில் பிறந்த நான்கு குழந்தைகள் எப்படித் திசைக்கொன்றாகப் போனார்கள் என்பதை வசனத்தில் சொன்னால் கால் மணி நேரம் இழுக்கும். அதை இளையராஜா குரலில் ஒரே பாட்டாக ஆரம்பத்திலேயே தீர்த்துவிட்டார்கள். பாட்டு முடியும்போது நான்கு கமல்களும் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்தப் படத்தின் அத்தனை சிரிப்பும் அந்த வித்தியாசத்தில்தான் ஓடுகிறது.

பார்வையாளருக்குத் தெரியும், பாத்திரத்துக்குத் தெரியாது. இதே சாவியை மணிரத்னம் அடுத்த ஆண்டே அழவைக்கப் பயன்படுத்தினார். ‘தளபதி’யின் தொடக்கம் கறுப்பு வெள்ளை. போகி நாள், நெருப்பு, பிள்ளை பெற்ற ஒரு சிறுமி, ஒரு சரக்கு ரயில். குழந்தையை ரயிலில் விட்டுவிட்டு, மனசு கேட்காமல் பின்னாலேயே ஓடுகிறாள். ரயில் போய்விடுகிறது. சந்தோஷ் சிவன் ஒளிப்பதிவு செய்த மீதிப் படம் வண்ணத்தில் தகதகக்கும்போது, அந்த ஆரம்பம் மட்டும் வேறொரு காலமாகத் தனித்து நிற்கும். வெகுநேரம் கழித்துக் கோயிலில் ஒரு காட்சி. ரயில் கூவுகிற சத்தம் வரும். அங்கே நிற்கிற ஸ்ரீவித்யாவும் ரஜினியும் திரும்புவார்கள். இருவருக்கும் மற்றவர் யாரென்று தெரியாது. ஒரு வசனமும் இல்லை. நம் தொண்டை அடைப்பதற்குக் காரணம் அந்த முதல் சில நிமிடங்கள். பஸ் தாமதமாகி அதைத் தவறவிட்டவருக்கு அது வெறும் ரயில் சத்தம்.

2018-ல் இரண்டு படங்கள் இரண்டு விதமாகத் தொடங்கின. ‘96’ ஒரு பாட்டு நீளத்துக்கு விஜய் சேதுபதியைக் காமிராவும் கையுமாக ஊர் ஊராக அலைய விட்டது. நிலம் மாறுகிறது, அவர் பக்கத்தில் மட்டும் யாரும் இல்லை. அவர் ஏற்ற ராம் என்ற பாத்திரம் தனி ஆள் என்று யாரும் வாயால் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. ‘வட சென்னை’ நேர் எதிர். கொலை முடிந்த கையோடு ஓர் உணவு விடுதியில் சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள், ரத்தம் காயாத ஆயுதங்கள் கூடவே. செத்தவர் யார், ஏன் என்பதெல்லாம் அப்புறம். முதலாவது, விடையை முன்னால் கொடுக்கிறது, இரண்டாவது, கேள்வியை. எது வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டும் இல்லாமல் நகரத்தை மேலிருந்து ட்ரோனில் காட்டிப் பெயர் போடுகிற படங்களைத்தான் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

இன்றைய இயக்குநருக்கு ஓர் இடைஞ்சலும் இருக்கிறது. தணிக்கைச் சான்றிதழ் முதலில் வர வேண்டும். படத்தில் யாராவது புகைத்தால், 2012 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி தொடக்கத்தில் 30 நொடி எச்சரிக்கைப் படமும், 20 நொடி அறிவிப்பும் கட்டாயம், இடையிலும் அதே. அதோடு விலங்குகள் துன்புறுத்தப்படவில்லை என்ற அட்டை, நன்றி அட்டைகள், வரிசையாக நான்கு நிறுவனங்களின் சின்னங்கள். இதெல்லாம் முடிந்து டைட்டில் வருவதற்குள் பாப்கார்ன் பாதி காலி. அதனால்தான் இப்போது பலர் பெயரையே தள்ளிப்போட்டு, பத்துப் பதினைந்து நிமிடம் கதையை ஓடவிட்டு, ஓர் அதிர்ச்சிக்குப் பிறகு படத்தின் பெயரைத் திரை நிறையப் போடுகிறார்கள் என்பது என் ஊகம்.

தொழிலாளர் பெயர்கள் எங்கே என்று கேட்டால், கடைசிக்குப் போய்விட்டன. ஹாலிவுட்டில் இந்த மாற்றத்துக்குச் சண்டையே நடந்திருக்கிறது. ஜார்ஜ் லூகாஸின் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையின் இரண்டாவது படத்தில், 1980-ல், இயக்குநர் பெயர் முன்னால் வரவில்லை என்று இயக்குநர்கள் சங்கம் அபராதம் போட்டது. லூகாஸ் அபராதத்தைக் கட்டிவிட்டுச் சங்கத்திலிருந்தே விலகினார். நம் தியேட்டர்களில் கடைசிப் பெயர்கள் ஓடும்போது விளக்கு எரிந்து, கதவு திறந்து, அடுத்த காட்சிக்குப் பெருக்குகிறவர்கள் உள்ளே வந்துவிடுகிறார்கள்.

தியேட்டர் இல்லாத மலையூரிலும் சிக்னல் எட்டுகிற இடத்தில் செல்போனில் படம் வந்துவிட்ட காலம் இது. வெப் தொடர்களில் டைட்டிலைத் தாண்டிப்போக 2017-ல் நெட்ஃபிளிக்ஸ் ஒரு பொத்தானே வைத்துவிட்டது. ஒரே டைட்டிலை எட்டு அத்தியாயத்துக்கு எட்டு முறை பார்க்கச் சொன்னால் யாரும் பொத்தானைத்தான் அழுத்துவார்கள். பொத்தான் வருவதற்கு முன்பே, 2011-ல் தொடங்கிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ இந்தச் சலிப்புக்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தது: டைட்டிலில் வரும் வரைபடம் அந்தந்த வாரத்துக் கதை நடக்கும் ஊர்களுக்கு ஏற்ப மாறும். புது ஊர் முளைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே ஆட்கள் டைட்டிலைத் தாண்டாமல் உட்கார்ந்திருந்தார்கள்.